பொரித்த கோழியும் முட்டை என்னும் பசையும்

(மூன்றாம் ஆண்டு, இயந்திரவியல்)

தலைப்பைப் பார்த்ததும், "மெக்கானிக்கல் படிக்கிறவன் சமையல் குறிப்பு எழுத வந்துட்டான்" என்று நீங்கள் சிரிப்பது எனக்குக் கேட்கிறது. சிரித்துவிட்டுப் படியுங்கள். முதலாம் ஆண்டு ஒர்க்‌ஷாப்பில் நாம் ஒரு இரும்புத் தகட்டுக்குப் பெயிண்ட் அடித்தோமே, ஞாபகம் இருக்கிறதா? எண்ணெய்ப் பிசுக்கைத் துடைக்காமல், எமரி பேப்பர் போடாமல், பிரைமரும் பூசாமல் நேராகப் பெயிண்ட் அடித்தவர்களுக்கு என்ன ஆயிற்று? மறுவாரம் நகத்தால் கீறியதும் பெயிண்ட் அப்பளம் போல உரிந்து வந்தது. அந்தக் கூட்டத்தில் நானும் ஒருவன். பொரித்த கோழியிலிருந்து மாவு உதிர்வதும் ஏறத்தாழ அதே கதைதான். அதைத்தான் சொல்லப் போகிறேன்.

எங்கள் வீட்டில் தள்ளுவண்டிக் கடை. சாயங்காலம் ஐந்து மணிக்குப் பஸ் ஸ்டாண்டு ஓரம் வண்டி நிற்கும். அம்மா கறி வெட்டி மசாலா பிசைவார். அப்பா வடசட்டி முன்னால் நிற்பார். நான் வகுப்பு முடிந்து வந்து பொட்டலம் மடிப்பேன். பல வருஷமாகச் சிவப்பாய் மசாலா போட்ட சில்லி சிக்கன் மட்டும்தான் போட்டுக்கொண்டிருந்தோம். இரண்டு வருஷமாகப் பையன்கள் வந்து, "அண்ணே, மேல மொறுமொறுன்னு தூள் ஒட்டியிருக்குமே, அது இல்லையா?" என்று கேட்க ஆரம்பித்தார்கள். அதற்காக ரஸ்க் தூள் வாங்கி, மசாலாக் கறியை அதில் புரட்டி எண்ணெயில் போட்டோம். போட்டதும் பாதித் தூள் சட்டியில் மிதந்தது. மீதியைப் பொட்டலத்தில் கட்டும்போது உதிர்ந்தது. வாங்கியவர் கையில் கிடைத்தது வெறும் கறி.

இதில் ருசி போவதை விடப் பெரிய நஷ்டம் எண்ணெயில்தான். உதிர்ந்த தூள் சட்டியின் அடியில் தங்கிக் கருகும். கருகிய தூள் அடுத்த ஈட்டில் ஒட்டும், கசக்கும், எண்ணெயைக் கறுப்பாக்கும். எட்டு மணிக்கே எண்ணெய் டீக்காஷன் நிறத்துக்கு வந்துவிடும். அப்பா அதையே ஒன்பதரை வரை ஓட்டலாம் என்பார். அம்மா கூடாது என்பார். எங்கள் வண்டியில் அதிகமாகச் சண்டை நடந்தது இந்த ஒரு விஷயத்துக்குத்தான். என் பரீட்சைக் கட்டணம் அந்தச் சட்டியிலிருந்து வருகிறது என்பதால் எனக்கும் அதில் அக்கறை உண்டு.

சரி, மாவு ஏன் உதிர்கிறது? முதல் எதிரி தண்ணீர். கோழிக்கறியில் முக்கால் பங்குக்குக் கொஞ்சம் கீழே வரை தண்ணீர்தான். கழுவிய கறியின் மேல் ஈரம் ஒரு படலமாக நிற்கும். தூளை அதன் மேல் தூவினால் தூள் ஒட்டுவது கறியில் அல்ல, அந்தத் தண்ணீரில். எண்ணெயில் போட்டதும் அந்தத் தண்ணீர் ஆவியாகிப் போய்விடும். பிடித்துக்கொண்டிருந்த கை போய்விட்டால் தூள் எங்கே நிற்கும்? அது மட்டும் இல்லை. தண்ணீர் நீராவியாக மாறும்போது அதன் கன அளவு 1600 மடங்குக்கும் மேல் பெருகும். தெர்மல் பாடத்தில் கொதிகலனுக்காக இதைப் படித்தோம். இங்கே ஒவ்வொரு கறித்துண்டும் ஒரு குட்டிக் கொதிகலன். உள்ளிருந்து வரும் ஆவி மேல்பூச்சை அடியிலிருந்து முட்டித் தள்ளுகிறது. சட்டியில் சடசடவென்று குமிழி வருவது இந்த ஆவிதான். பூச்சு கறியோடு நன்றாகப் பிடித்திருந்தால் ஆவி சின்னச் சின்னத் துளை வழியே வெளியேறும். பிடிக்கவில்லை என்றால் பூச்சையே தூக்கிக்கொண்டு போகும்.

இந்த இடத்தில்தான் முட்டை வருகிறது. முட்டை வெள்ளைக்கருவில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர், ஒரு பங்கு புரதம். இந்தப் புரதங்கள் பச்சையாக இருக்கும்போது நூல் உருண்டைகளைப் போலத் தனித்தனியாகச் சுருண்டு கிடக்கும். சூடு பட்டதும் உருண்டை பிரியும். பிரிந்த நூல்கள் ஒன்றோடு ஒன்று பின்னி வலையாகும். அதனால்தான் தண்ணீர் போல இருந்த முட்டை வேகவைத்ததும் கெட்டியாகிறது. திரும்ப ஆறவைத்தால் பழையபடி நீர்க்காது. வெள்ளைக்கரு ஏறத்தாழ 62 டிகிரி சென்டிகிரேடில் கெட்டிப்பட ஆரம்பிக்கும். மஞ்சள்கரு 65-லிருந்து 70-க்குள் கெட்டியாகும். வெள்ளைக்கருவின் புரதத்தில் பாதிக்கு மேல் இருக்கும் ஓவால்புமின் 80 டிகிரிப் பக்கம் இறுகும்.

இந்த எண்களை ஒரு நிமிஷம் கவனியுங்கள். எல்லாமே நூற்றுக்குக் கீழே. தண்ணீர் கொதிப்பது 100 டிகிரியில். அதாவது ஆவி முழு வேகத்தில் கிளம்புவதற்கு முன்பே பசை இறுகிவிடுகிறது! கறியின் மேற்பரப்பில் இருக்கும் புரதமும் அதே சமயத்தில்தான் வேகிறது. முட்டையின் வலையும் கறியின் வலையும் சேர்ந்து பின்னிக்கொள்கின்றன. ஒரு பக்கம் கறி, மறு பக்கம் தூள், நடுவில் முட்டை. வெல்டிங் மாதிரி என்று நான் சொன்னால் எங்கள் சார் அடிப்பார், ஆனால் எனக்கு அப்படித்தான் தோன்றுகிறது.

இதை நூலகத்தில் படித்துவிட்டு நான் ஓடினேன் வீட்டுக்கு. "அப்பா, முட்டை போட்டால் ஒட்டும்" என்றேன். "முட்டை விக்கிற வெலையில உனக்கு ஆராய்ச்சி வேற" என்றார். அவர் படிக்காதவர், கணக்கில் புலி. கெஞ்சிக் கேட்டதில் ஒரு கிலோ கறியை எனக்கு விட்டுக்கொடுத்தார்.

அந்த ஒரு கிலோவை நான் பாழாக்கினேன். ஒட்ட வேண்டும் என்ற ஆசையில் ஆறு முட்டையை உடைத்து ஊற்றி, கறியை அதில் ஊறவைத்து, வழிய வழிய எடுத்துத் தூளில் புரட்டினேன். எண்ணெயில் போட்டதும் முட்டை தனியாகப் பிரிந்து நுரைத்து நின்றது. பூச்சு கையுறை போல முழுசாகக் கழன்று வந்தது. உள்ளே வழவழவென்று ஆம்லெட். வாங்கிய ஒருவர், "தம்பி, நான் சிக்கன்தானே கேட்டேன்?" என்றார். அப்பா ஒன்றும் பேசவில்லை. பொட்டலக் காகிதத்தை எடுத்து எண்ணெய்க் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தார். திட்டியிருந்தால் கூடப் பரவாயில்லை.

தவறு எங்கே என்று கண்டுபிடிக்க எனக்கு ஒரு வாரம் ஆயிற்று. பசை எவ்வளவு கெட்டிக்காரப் பசையாக இருந்தாலும் ஈரக் கறியில் வழுக்கும். கறியை நான் துடைக்கவே இல்லை. எமரி பேப்பர் போடாத அதே தப்பு! இரண்டாவது, பசை மெல்லிசாக இருக்க வேண்டும். தடித்த பசை தானே ஒரு தனி அடுக்காகிவிடும். சைக்கிள் டியூபுக்கு பஞ்சர் ஒட்டுகிறவரைப் பாருங்கள், சொல்யூஷனை எவ்வளவு மெல்லிசாகத் தேய்க்கிறார்!

இப்போது செய்வது இப்படி. மசாலாவில் ஊறிய கறியைக் கூடையில் போட்டுப் பத்து நிமிஷம் வடியவிடுகிறோம். உப்பு கறியிலிருந்து தண்ணீரை வெளியே இழுக்கும் என்பது ஊறுகாய் போடும் எல்லா அம்மாவுக்கும் தெரியும். அந்தத் தண்ணீர் வடிய வேண்டும். ஆனால் மறுபடி கழுவக்கூடாது. ஏனென்றால் உப்பு தண்ணீரை மட்டும் இழுப்பதில்லை, கறியின் புரதத்தையும் கொஞ்சம் கரைத்து மேலே கொண்டுவருகிறது. உப்புப் போட்டுப் பிசைந்த கறி கையில் பிசுபிசுவென்று ஒட்டுவது அதனால்தான். அது நமக்கு இலவசப் பசை.

வடிந்த கறியை மைதாவில் புரட்டுகிறோம். இதுதான் பிரைமர். மிச்ச ஈரத்தை மைதா உறிஞ்சிக்கொண்டு சொரசொரப்பான பரப்பாகிறது. முட்டை அதில் பிடிக்கும். புரட்டியதும் நன்றாக உதறிவிட வேண்டும், இதை எத்தனை முறை வேண்டுமானாலும் சொல்வேன். உதறாமல் விட்டால் நனையாத மைதா நடுவில் பவுடராகவே நிற்கும். பவுடர் போட்ட கையில் பிளாஸ்திரி ஒட்டுமா? அதே கதைதான்.

அப்புறம் முட்டை. கிலோவுக்கு இரண்டே இரண்டு போதும். ஒரு சிட்டிகை உப்பும், முட்டைக்கு ஒரு ஸ்பூன் தண்ணீரும் சேர்த்து நன்றாக அடிக்க வேண்டும். அடிக்காத வெள்ளைக்கரு சளி போல இழுத்துக்கொண்டு ஒரு இடத்தில் திட்டாகவும் ஒரு இடத்தில் ஒன்றுமே இல்லாமலும் நிற்கும். முழு முட்டையாகவே போடுங்கள். வெள்ளைக்கரு மட்டும் போட்டால் பூச்சு விறைப்பாக வருகிறது. மஞ்சள்கருவின் கொழுப்பு அதை மிருதுவாக்குகிறது, நிறமும் தருகிறது. முட்டையில் தோய்த்ததும் தூக்கிப் பிடித்து வழியவிட்டு, அதன் பிறகு ரஸ்க் தூளில் போட்டு உள்ளங்கையால் லேசாக அழுத்துகிறோம். வலது கை தூளுக்கு, இடது கை முட்டைக்கு. ஒரே கையால் செய்தால் பத்தாவது துண்டில் விரல்களுக்கே பூச்சு ஏறிவிடும்.

உடனே எண்ணெயில் போடக்கூடாது. தட்டில் ஒன்றன்மேல் ஒன்று படாமல் பரப்பிக் கால் மணி நேரம் வைக்க வேண்டும். முட்டையின் ஈரம் மேலே தூளுக்கும் கீழே மைதாவுக்கும் போய்ச் சேர வேண்டுமல்லவா? எங்கள் வண்டியில் கஷ்டமான வேலை இதுதான். ஆள் நிற்கும்போது கால் மணி நேரம் யார் காத்திருப்பார்கள்? அதனால் முன்கூட்டியே கொஞ்சம் கொஞ்சமாகப் புரட்டி, ஐஸ் பெட்டியில் தட்டோடு வைத்துவிடுகிறோம்.

எண்ணெயின் சூடு 170-லிருந்து 180 டிகிரி. ஆய்வகத்தில் தெர்மாமீட்டர் கேட்டேன், உடைந்தால் யார் கட்டுவது என்றார்கள். நியாயம்தான். ஒரு கம்பித் தெர்மாமீட்டரைச் சொந்தமாக வாங்கினேன். அதை வைத்துப் பார்த்தபோதுதான் ஒரு உண்மை தெரிந்தது. அப்பா ஒரு ஈட்டுக்கு இரண்டு கை நிறையக் கறி அள்ளிப் போடுவார். போட்டதும் முள் சரசரவென்று 140-க்கும் கீழே இறங்கிவிட்டது. சூடு இறங்கினால் முட்டை இறுகத் தாமதமாகும். அதற்குள் பூச்சு ஊறி, எண்ணெய் குடித்து, உதிரும். பாதி பாதியாகப் போட்டால் சூடு நிற்கிறது. அதிகச் சூடும் ஆபத்து, மேலே கருகிவிடும், நடுவில் பச்சையாக இருக்கும். கறியின் நடுப்பகுதி 74 டிகிரி வந்தால்தான் கோழி வெந்தது என்று அர்த்தம். போட்டவுடன் ஜல்லிக்கரண்டியால் கிண்டவும் கூடாது. முதல் ஒரு நிமிஷம் கை கட்டி நில்லுங்கள். பசை காய்வதற்குள் யாராவது பஞ்சர் ஒட்டிய டியூபை இழுத்துப் பார்ப்பார்களா?

தூள் போடாத நம்ம ஊர்ச் சிவப்புச் சில்லி சிக்கனுக்கும் இதே தத்துவம்தான், ஆனால் அடுக்கு அடுக்காக இல்லாமல் எல்லாம் ஒரே பாத்திரத்தில் நடக்கிறது. கார்ன்பிளவரும் மைதாவும் மசாலாவும் முட்டையும் சேர்ந்து கறியைக் கவ்வுகின்றன. அங்கே எலுமிச்சைச் சாறும் தயிரும் அளவு மீறினால் கலவை நீர்த்து, சட்டியில் மசாலா பிரிந்து போகும். முட்டையைக் கடைசியில், பொரிப்பதற்குச் சற்று முன்னால் சேர்ப்பது நல்லது.

செலவுக்கு வருவோம். ஒரு ஞாயிற்றுக்கிழமை, கால் கிலோ முட்டை போடாததும் கால் கிலோ முட்டை போட்டதும் தனித்தனி எண்ணெயில் பொரித்து, இரண்டு எண்ணெயையும் சல்லடையில் வடிகட்டினேன். முட்டை இல்லாத சல்லடையில் ஒரு கைப்பிடித் தூள். மற்றதில் இரண்டு விரலால் கிள்ளி எடுக்கிற அளவு. அப்பா இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். சல்லடையை எடுத்துத் தட்டினார். "ரஸ்க்குத் தூளே இவ்வளவு வீணாப் போயிருக்குதே கண்ணு" என்றார். முட்டை விலையைப் பற்றி அன்றைக்கு அப்புறம் அவர் பேசவில்லை. எண்ணெய்ச் சண்டையும் பாதி குறைந்திருக்கிறது. பாதிதான், ஏனென்றால் உதிராவிட்டாலும் எண்ணெய் கெடத்தான் செய்யும். இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையத்தின் விதிப்படி, 2018 ஜூலை 1 முதல், எண்ணெயில் துருவச் சேர்மங்கள் 25 சதவீதத்தைத் தாண்டினால் அதில் சமைக்கக்கூடாது. அதை அளக்கும் கருவி எங்களிடம் இல்லை. புகை, நுரை, பிசுபிசுப்பு வந்தால் ஊற்றிவிடுவது என்று அம்மா தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

ஒரு எச்சரிக்கை கட்டாயம் சொல்ல வேண்டும். பச்சைக் கறி தோய்த்த முட்டைக் கிண்ணம் கிருமிகளுக்குக் கல்யாண வீடு. சால்மோனெல்லா கிருமி கோழியிலும் உண்டு, முட்டையிலும் உண்டு. பச்சை முட்டையில் செய்த மயோனைஸுக்குத் தமிழக அரசு 2025 ஏப்ரல் 8 முதல் ஓராண்டுக்குத் தடை போட்டது இதற்காகத்தான். பொரித்துவிட்டால் கிருமி சாகும், சரி. ஆனால் கிண்ணத்தைச் சாயங்காலம் முழுக்க வெக்கையில் வைத்து, அதே கையால் பொட்டலம் மடித்தால்? எங்கள் வண்டியில் இரண்டு முட்டைக்கு மேல் ஒரே நேரத்தில் உடைப்பதில்லை. ஒரு மணி நேரத்தில் தீராவிட்டால் கொட்டிவிடுகிறோம். பொட்டலம் மடிக்கிற நான் கறியைத் தொடுவதே இல்லை.

புரட்டாசி மாதம் பிறந்தால் கோழி ஓடாது, காலிஃபிளவர் சில்லிதான் ஓடும். அதில் முட்டை போட்டால் ஜனங்கள் வண்டிப் பக்கமே வரமாட்டார்கள். அதற்கு மைதாவும் கார்ன்பிளவரும் கரைத்த கூழைத்தான் பசையாக வைக்கிறோம். மாவுச்சத்தும் 60, 70 டிகிரியில் தண்ணீரை உறிஞ்சிக் கஞ்சியாக இறுகும், ஆனால் முட்டை அளவுக்குப் பிடிப்பு இல்லை. சென்ற புரட்டாசியில் கூழைக் கெட்டியாக்கிப் பார்த்தேன், பஜ்ஜி மாதிரி தடித்துவிட்டது. இந்த முறை காலிஃபிளவரை வெந்நீரில் போட்டு எடுத்ததும் துணியில் பரப்பி, நன்றாக உலரவைத்துவிட்டுப் பார்க்க வேண்டும்.