பின்வாசலுக்கு அலுமினியக் கதவா? அக்கா சொல்றதைக் கேட்டுட்டு ஆர்டர் கொடு

தலைவாசலைப் பத்தி உனக்கு நான் ஒண்ணும் சொல்ல வேண்டியதில்லை. நிலை வெக்கறதுக்கே நாள் பார்த்து, பூஜை போட்டு, தேக்கா வேம்பான்னு வீடே கூடிப் பேசியிருக்கும். வெளியே கிரில் கேட்டும் வந்துடும். பின்பக்கம் துணி துவைக்கிற இடத்துக் கதவு, பால்கனி ஸ்லைடிங், மொட்டை மாடிப் படிக்கட்டுக் கதவு, இந்த மூணும்தான் கையில காசு தீர்ந்த நேரத்துல வரும். "ஏதோ ஒரு அலுமினியம் போட்டுடுங்க"ன்னு மேஸ்திரிகிட்ட சொல்லிட்டுப் போயிடுவோம். இருட்டுல உள்ளே வர நெனைக்கிறவனுக்கு, தெருவிளக்குக்கு எதிர்ல இருக்கிற தலைவாசலைவிட இந்த மூணும்தான் வசதி.

அலுமினியமே வேண்டாம்னு நான் சொல்லலை. நம்ம பக்கத்துக்கு அது பொருத்தமான சாமான்தான். அம்பத்தூர் ஏரி, கொரட்டூர் ஏரி, ஆவடி பருத்திப்பட்டு ஏரி, பூந்தமல்லியைத் தாண்டினா செம்பரம்பாக்கம்னு சுத்தித் தண்ணிதான். 2015 டிசம்பர் வெள்ளமும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலும் ஞாபகம் இருக்கும். மிக்ஜாம் சமயத்துல அம்பத்தூர் எஸ்டேட்டுக்குள்ளேயே தண்ணி நின்னுது. தண்ணியில ஊறின ஃப்ளஷ் டோர் அடியில பிளை பிரிஞ்சு வாயைப் பொளந்துடும். இரும்புக் கதவு கீழ்க்கட்டையிலேருந்து துரு ஏறும். வெள்ளமே வராட்டியும் ஐப்பசி கார்த்திகையில மரக்கதவு உப்பிக்கும், சாத்த வராது. ஆசாரியைக் கூப்பிட்டு இழைப்போம். சித்திரையில அதே கதவு சுருங்கும். இழைச்ச பக்கம் இடைவெளி விட்டுடும். ஒரு ஸ்க்ரூ டிரைவரை நுழைச்சுத் தாழ்ப்பாளை நெம்ப அந்த இடம் போதும். அலுமினியம் உப்பறதும் இல்லை, சுருங்கி இடைவெளி விடறதும் இல்லை. பாதுகாப்புன்னு பார்த்தா அதோட பெரிய நன்மை இதுதான்னு நான் நெனைக்கிறேன்.

ஆனா "அலுமினியம்னா ஸ்ட்ராங் மேடம்"னு கடைக்காரர் சொல்றதை அப்படியே நம்பிடாதே. இரும்போட எடையில மூணுல ஒரு பங்குதான் அது, மெத்துன்னு இருக்கிற உலோகம். அதனால எவ்வளவு கனம்னு பார்த்து வாங்கணும். சதுர அடிக்கு இவ்வளவுன்னு விலை சொன்னா, அந்த விலைக்குள்ளே மெல்லிசு செக்‌ஷனும் ஒளிஞ்சுக்கும். கொட்டேஷன்ல செக்‌ஷன் கனம் எத்தனை மில்லிமீட்டர், மொத்தம் எத்தனை கிலோன்னு எழுதி வாங்கு. ஒரு மில்லிமீட்டர் கனமெல்லாம் உள்ளே தடுப்பு போடத்தான் சரி. வெளிக்கதவுக்கு ஒன்றரை, முடிஞ்சா ரெண்டு கேளு. வெட்டின துண்டு ஒண்ணை வாங்கி வெர்னியர்ல அளந்து பார். எஸ்டேட்டைச் சுத்திக் குடியிருந்துக்கிட்டு வெர்னியர் கிடைக்கலைன்னு சொல்லாதே, நம்ம தெருவுல லேத் பட்டறைக்குப் போகாத ஆள் எத்தனை பேர்? கதவு ஜன்னலுக்கு வழக்கமா வர்றது 6063ங்கிற ரகம். அதுலயும் டி5-ஐவிட டி6 கெட்டி.

இதெல்லாம் பார்த்து வாங்கினாலும், வர்றவன் அலுமினியத்தை அறுத்துக்கிட்டு உட்கார்ந்திருக்க மாட்டான்டி. அது கண்ணாடியோட, பூட்டோட, சுவரோட சேர்ற இடத்துலதான் கை வெப்பான். உன் காசும் கவனமும் அங்கேதான் போகணும்.

முதல்ல பீடிங். கண்ணாடியைப் பிடிச்சுக்கிட்டிருக்கிற மெல்லிசான பட்டை. கதவைச் சாத்திட்டு வெளியே போய்ப் பார். பீடிங் வெளிப்பக்கம் இருந்தா, நுனி தட்டையா இருக்கிற எதை வெச்சும் நெம்பிடலாம். கண்ணாடி உடையாம, சத்தமே இல்லாம முழுசாக் கையோட வந்துடும். பீடிங் உள்பக்கம்தான் வரணும்னு ஆர்டர் கொடுக்கும்போதே சொல்லிடு. பட்டறையில திருப்பிப் போட்டா முடியற வேலை. மாட்டினப்புறம் மாத்தச் சொன்னா முகத்தைத் தூக்குவாங்க.

கண்ணாடியில எல்லாரும் டஃபன்டு, டஃபன்டுன்னு சொல்வாங்க. சாதாக் கண்ணாடியைவிட நாலஞ்சு மடங்கு பலம், உடைஞ்சாலும் பொடிப்பொடியா விழும், குழந்தை இருக்கிற வீட்டுக்கு நல்லது. எல்லாம் சரி. கூரா ஒண்ணை வெச்சு ஓரத்துல தட்டினா மொத்தமும் உதிர்ந்து வாசல் திறந்துடும், அதுவும் சரிதான். திருட்டுக்குப் பயந்து போடற கதவுக்கு லேமினேட்டட் கண்ணாடி கேளு. ரெண்டு கண்ணாடிக்கு நடுவுல ஒரு பிளாஸ்டிக் படலம் ஒட்டியிருப்பாங்க. அடிச்சா விரிசல் விடும், விழாது. திரும்பத் திரும்ப அடிக்கணும், அதுக்குள்ளே தெருவே முழிச்சுக்கும். விலை கூடத்தான். எல்லாக் கதவுக்கும் முடியலைன்னா, கையை விட்டா தாழ்ப்பாள் எட்டற கதவுக்கு மட்டுமாவது போடு. பின்கதவுக்குக் கண்ணாடியே எதுக்கு? முழுப் பலகையா அலுமினியமே போடச் சொல்லலாம். கீழ்ப்பாதிக்கு ஏ.சி.பி. ஷீட்டுன்னு சொன்னா ஒத்துக்காதே. ரெண்டு பக்கமும் காகிதம் மாதிரித் தகடு, நடுவுல பிளாஸ்டிக், நல்ல கட்டர் கத்திக்கே வழி விட்டுடும்.

பால்கனி ஸ்லைடிங்குக்கு ஒரு சோதனை சொல்றேன். பூட்டிட்டு வெளியே நின்னு, ஷட்டரை ரெண்டு கையாலும் பிடிச்சு மேலே தூக்கு. டிராக்கை விட்டு எழும்பினா பூட்டு இருந்தும் பிரயோஜனம் இல்லை. அப்படியே கழட்டிச் சுவர்ல சாய்ச்சு வெச்சுட்டு உள்ளே வரலாம். மேல் டிராக்ல ஷட்டர் எழும்பாதபடி ஒரு கட்டையோ ஸ்க்ரூவோ வெச்சா போதும், அதுக்குப் பெரிய செலவு ஆகாது. நடுவுல இருக்கிற அரைவட்டக் கொக்கி காத்துக்குத் திறக்காம இருக்கத்தான். ஊக்கு மாதிரி வளைஞ்ச நாக்கு இருக்கிற ஹூக் லாக் தனியாப் போடு. கொசுவலை ஷட்டரையெல்லாம் தடுப்புன்னு கணக்குல சேர்க்காதே.

சாதாரணக் கதவுல ஆல்ட்ராப்பை ரிவெட் அடிச்சு விட்டா டிரில்லுக்கு ரெண்டு நிமிஷ வேலை. ஊடுருவிப் போற போல்ட் போட்டு, நட்டும் பின்னால ஒரு தகடும் உள்பக்கம் வரணும். சிலிண்டர் பூட்டுன்னா, கைப்பிடித் தகட்டைவிட்டு மூணு மில்லிமீட்டருக்கு மேல துருத்தக் கூடாது, துருத்தினதைப் பிடிச்சு ஒடிச்சிடலாம். கதவு வெளிப்பக்கம் திறக்கிறதா இருந்தா கீல் ஊசி வெளியே தெரியும், தட்டிக் கழட்ட முடியாத ரகமாக் கேட்டு வாங்கு. வெளியே தொங்கற பூட்டு வேண்டவே வேண்டாம். "வீட்டுல ஆள் இல்லை"ன்னு போர்டு மாட்டறதுக்குச் சமம்.

ஐரோப்பாவுல கதவுகளுக்கு இ.என். 1627னு ஒரு தரம் இருக்கு. அதுல ஆர்.சி.2 வகுப்புக் கதவு, ஸ்க்ரூ டிரைவரும் இடுக்கியும் ஆப்பும் வெச்சு நெம்பற ஆளை மூணு நிமிஷம் தாக்குப்பிடிக்கணும். ஆர்.சி.3-ல கடப்பாரையும் சேரும், அஞ்சு நிமிஷம். அவங்களே நிமிஷக் கணக்குலதான் பேசறாங்கன்னா, திறக்கவே முடியாத கதவுன்னு நம்ம கடைக்காரர் சொல்றது எப்படி இருக்கு பார்.

சுவரை மறந்துடாதே. புது வீடுகள்ல ஏ.ஏ.சி. பிளாக், ஹாலோ பிளாக்னு கட்டறாங்க. அதுல சாதா பிளக் அடிச்சு ஸ்க்ரூ போட்டா, கதவு எவ்வளவு கெட்டியா இருந்தாலும் ஃப்ரேமோட பேர்ந்து வந்துடும். கதவு ஓரத்துல கான்கிரீட் விட்டு, அதுல ஆங்கர் ஃபாஸ்ட்னர் போடணும். மூலையிலேருந்து ஒரு சாண் தள்ளி ஆரம்பிச்சு, ரெண்டடிக்கு ஒண்ணுக்குக் குறையாம. வெறும் ஃபோமும் சிலிக்கானும் அடைச்சுட்டுப் போனா விடாதே. ஸ்க்ரூ ஸ்டெய்ன்லெஸ் ஸ்டீல்தான் போடணும், ஈரத்துல இரும்பும் அலுமினியமும் ஒட்டியிருந்தா அரிச்சுப் போயிடும். பச்சை சிமென்ட் கலவை பட்டாலும் அலுமினியம் திட்டுத் திட்டா வெளுத்துடும். அதனால பூச்சு வேலை முடியற வரைக்கும் மேல ஒட்டின டேப்பைப் பிரிக்கக் கூடாது.

ராத்திரி அவசரத்துக்கு உள்ளேருந்து சட்டுன்னு திறக்கவும் வழி வேணும். சாவி வெளியேருந்து கைக்கு எட்டாத ஆணியில மாட்டியிருக்கட்டும், வீட்டுல எல்லாருக்கும் அந்த இடம் தெரிஞ்சிருக்கட்டும்.

பொங்கலுக்கு ஊருக்குப் போறதுக்கு முன்னாடி ஸ்டேஷன்ல ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போ. 2022 ஜனவரியிலேருந்து நமக்கு ஆவடி போலீஸ் கமிஷனரேட் தனியா இருக்கு, அம்பத்தூரும் பூந்தமல்லியும் அதுலதான் வருது. பூட்டின வீடுன்னு தெரிஞ்சா ரோந்துல ஒரு பார்வை பார்ப்பாங்க.

கதவு மாட்டி முடிச்ச அன்னிக்கே மீதிப் பணத்தை எண்ணிக் கொடுத்துடாதே. ஃபேப்ரிகேட்டரை வெளிப்பக்கம் நிறுத்திக் கதவைப் பூட்டு. கையில ஒரு ஸ்க்ரூ டிரைவரைக் கொடுத்து, "சாவி தொலைஞ்சு போச்சுண்ணா, எங்கேருந்து கழட்டுவீங்க?"ன்னு கேளு. அவர் கை நேராப் போய் நிக்கற இடத்தை முதல்ல சரி பண்ணச் சொல்லு, அப்புறம் பணத்தைக் கொடு.