கீழ்ப்படிதலுக்கும் ஓர் எல்லை உண்டு



சில வாரங்களுக்கு முன் ஒருநாள், மாலைச் செபமாலை முடிந்த பின், நமது பங்கைச் சேர்ந்த ஒரு தகப்பனார் தம் மகனை அழைத்துக்கொண்டு அறைவீட்டிற்கு வந்தார். பையனுக்கு இராணுவத்தில் இடம் கிடைத்திருக்கிறது. பயிற்சிக்காக வெலிங்டன் போகிறான். ஆசீர்வாதம் வாங்க வேண்டும் என்றார்கள். ஆசீர்வதித்து, கழுத்தில் அணிய ஒரு சுரூபமும் கொடுத்தேன். புறப்படும் வேளையில் தகப்பனார் மகனுக்கு ஒரு புத்தி சொன்னார்: “தம்பி, அங்கே மேலதிகாரி சொன்னதைச் செய். அதற்கு மேலே யோசிக்காதே. நல்லது கெட்டது அவர் பொறுப்பு.” பையன் என்னைத் திரும்பிப் பார்த்து, “அப்படித்தானே, சாமி?” என்றான்.

வாசற்படியில் நின்றுகொண்டு பதில் சொல்லக்கூடிய கேள்வியல்ல அது. மறுநாள் பூசைக்குப் பின் வரும்படி சொன்னேன். அவனிடம் சொன்னதையே இங்கு எழுதுகிறேன். பட்டாளத்திலும் போலீசிலும் பிள்ளைகள் இருக்கிற வீடுகள் நம் பங்கில் பல உண்டு.

தகப்பனார் சொன்னதில் நியாயம் இல்லாமலில்லை. குண்டு பாயும் இடத்தில், கட்டளை கிடைத்ததும் கூட்டம் கூடி விவாதிக்கிற சேனை அரைமணி நேரங்கூடத் தாங்காது. ஜனநாயக நாட்டில் இந்தக் கீழ்ப்படிதலுக்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. துப்பாக்கி வைத்திருப்பவர்கள், ஜனங்கள் தேர்ந்தெடுத்த அரசாங்கத்துக்கு அடங்கி நடவாவிட்டால், நாட்டில் சட்டம் என்று ஒன்று நிற்காது. போர்ச் சேவகம் பாவமான தொழிலும் அல்ல. ஸ்நாபக அருளப்பரிடம் வந்த சேவகர்களுக்கு அவர் ஆயுதத்தை எறிந்துவிடும்படி சொல்லவில்லை. ஒருவரையும் கொடுமைப்படுத்தாமல், கிடைக்கிற சம்பளத்தோடு திருப்தியாய் இருக்கும்படியே சொன்னார்.

ஆனால் “அதற்கு மேலே யோசிக்காதே” என்ற வார்த்தையை மட்டும் நான் ஒப்புக்கொள்ள முடியாது. ஏனென்று காட்ட, அமெரிக்க சேனையில் நடந்த ஒரு சம்பவத்தைச் சொல்லுகிறேன்.

1968-ம் ஆண்டு மார்ச் 16-ம் தேதி, சனிக்கிழமை காலை. வியட்நாம் தேசத்தில் குவாங் ஙாய் மாகாணத்தைச் சேர்ந்த மை லாய் என்னும் குக்கிராமத்திற்குள் அமெரிக்கக் காலாட்படைப் பிரிவு ஒன்று நுழைந்தது. பகைவரின் பெரும்படை அங்கே இருக்கிறது, ஊர்ச்சனங்கள் அந்த வேளையில் சந்தைக்குப் போயிருப்பார்கள் என்று சேவகர்களுக்குச் சொல்லப்பட்டிருந்தது. இரண்டும் தவறு. அங்கே படை இல்லை. எதிர்த்துச் சுடுவாரும் இல்லை. கிழவர்களும் ஸ்திரீகளும் குழந்தைகளும் காலை உணவு சமைத்துக்கொண்டிருந்தார்கள். அப்படியிருந்தும் கொலை தொடங்கியது. ஜனங்களைக் கூட்டங்கூட்டமாய்ச் சேர்த்து ஒரு வாய்க்காலில் தள்ளிச் சுட்டார்கள். சேவகர்களில் சிலர் சுட மறுத்து நின்றார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். ஆனால் அவர்கள் மற்றவர்களைத் தடுக்கவில்லை. சுற்று வட்டாரத்தில் அன்று மாண்டவர்கள் 504 பேர் என்று அங்குள்ள ஞாபகச் சின்னத்தில் பெயர்கள் பொறிக்கப்பட்டிருக்கின்றன.

அந்த வேளையில் மேலே ஒரு சிறிய ஹெலிகாப்டர் வட்டமிட்டுக்கொண்டிருந்தது. ஓட்டியவர் ஹியூ தாம்சன், வயது 24. கூட இருந்தவர்கள் கிளென் ஆண்ட்ரியோட்டா, லாரன்ஸ் கோல்பர்ன் என்ற இரண்டு வாலிபர். கோல்பர்னுக்கு வயது பதினெட்டே. காயப்பட்டுக் கிடந்த கிராமத்தார் சிலரைக் கண்டு, மருத்துவ உதவி வரட்டும் என்று பச்சைப் புகைக்குண்டு போட்டு இடத்தைக் குறித்துக் காட்டினார் தாம்சன். திரும்பி வந்து பார்த்தபோது அவர்கள் சுட்டுக் கொல்லப்பட்டுக் கிடந்தார்கள். தமது சொந்த சேனையே இதைச் செய்கிறது என்பதை நம்ப அவருக்குச் சிறிது நேரம் பிடித்தது. வாய்க்கால் அருகே இறங்கி, அங்கிருந்த லெப்டினன்ட் வில்லியம் கேலியிடம் கேட்டார். கட்டளைப்படி நடக்கிறது, நீர் உமது வேலையைப் பாரும் என்ற விதமாகவே பதில் வந்தது.

மறுபடி மேலே கிளம்பினார். சில ஸ்திரீகளும் குழந்தைகளும் ஒரு பதுங்கு குழியை நோக்கி ஓடுவதையும், சேவகர்கள் துரத்துவதையும் கண்டார். இரு கூட்டத்திற்கும் நடுவே ஹெலிகாப்டரை இறக்கினார். தம் தோழர் இருவரிடமும், நம் ஆட்கள் இந்த ஜனங்களைச் சுட்டால் நீங்கள் நம் ஆட்களைச் சுடுங்கள் என்று சொல்லிவிட்டு, தாம் மட்டும் நடந்து போனார். குழியிலிருந்தவர்களை எப்படி வெளியே எடுப்பது என்று அங்கிருந்த அதிகாரியைக் கேட்க, கையெறி குண்டினால்தான் முடியும் என்றார் அவர். தாம்சன் அதற்கு இணங்காமல், குழியருகே சென்று சைகை காட்டி அவர்களை ஒவ்வொருவராய் வெளியே வரச்செய்தார். ஏறக்குறைய பத்துப் பேர். அவருடைய ஹெலிகாப்டரில் அத்தனை பேருக்கு இடமில்லை. மேலே பறந்த பெரிய ஹெலிகாப்டர்காரரைக் கெஞ்சி அழைத்து இரண்டு தடவையாக அனுப்பி வைத்தார். பின்பு ஆண்ட்ரியோட்டா அந்த வாய்க்காலில் பிணங்களின் நடுவே இறங்கி, உயிரோடிருந்த ஒரு குழந்தையைத் தூக்கி வந்தார். அதையும் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். முகாமுக்குத் திரும்பியதும் தாம்சன் கோபத்தோடு மேலதிகாரிகளிடம் முறையிட, சுடுவதை நிறுத்தும்படி ரேடியோவில் உத்தரவு போயிற்று.

கவனியுங்கள்: அன்று அவ்விடத்தில் அவர் பெரிய பதவிக்காரர் அல்ல. எதிரே நின்ற லெப்டினன்ட்மார் அவருக்கு மேற்பட்டவர்கள். தோளில் உள்ள பட்டை அவர்களிடம் இருந்தது. தலைமை இவரிடம் இருந்தது.

அவருடைய வீட்டைப் பற்றி அறிய எனக்கு ஆவல் உண்டாயிற்று. ஜியார்ஜியா மாகாணத்தில் ஸ்டோன் மவுண்டன் என்ற சிற்றூரில் வளர்ந்தவர். தாய் தகப்பன் கண்டிப்பானவர்கள். எளியவனை நசுக்கப் பார்த்துக்கொண்டு நிற்காதே என்று கற்பித்தவர்கள். முதலில் கடற்படையில் சேவித்து, பின்பு ஊரில் மரித்தவர்களை அடக்கம் செய்கிற தொழிலில் இருந்து, அதன்பின்தான் தரைப்படையில் சேர்ந்தார். அழுகிற குடும்பங்களின் நடுவே பிரேதத்தை மரியாதையாய்க் கையாண்டு பழகிய ஒருவருக்கு, வாய்க்காலில் குவிந்த பிணங்கள் வெறும் எண்ணிக்கையாய்த் தோன்றியிராது. இது என் எண்ணம் மட்டுமே. ஒன்று நிச்சயம்: யோசிக்கக் கிடைத்த அந்தச் சில நிமிஷத்தில் புதிதாய் மனச்சாட்சி உண்டாக்கிக்கொள்ள ஒருவராலும் முடியாது. வீட்டில் சேமித்ததைத்தான் அங்கே செலவழிக்கலாம்.

இனிச் சொல்வது வருத்தமான பகுதி. சேனையின் அதிகாரிகள் விஷயத்தை மூடினார்கள். இருபது கிராமத்தார் தவறுதலாய் மாண்டார்கள் என்று ஓர் அறிக்கை எழுதினார்கள். தாம்சனுக்கு ஒரு பதக்கமும் கொடுத்தார்கள். ஆனால் இரு தரப்பாரும் சுட்டுக்கொண்டதன் நடுவே குழந்தையைக் காப்பாற்றினார் என்று அதில் பொய் எழுதியிருந்ததால், அவர் அதை எறிந்துவிட்டார். ஆண்ட்ரியோட்டா ஏறக்குறைய மூன்று வாரம் கழித்துப் போரில் மாண்டார். ஓராண்டு கழித்து, ரோனால்டு ரைடன்ஹவர் என்ற முன்னாள் சேவகர், தம் தோழர்களிடம் கேட்டறிந்ததை ஒரு கடிதமாய் எழுதி, 1969 மார்ச்சில் ஜனாதிபதிக்கும் காங்கிரஸ் அங்கத்தினர்களுக்குமாக ஏறக்குறைய முப்பது பேருக்கு அனுப்பினார். அதனாலேயே விசாரணை பிறந்தது. அவ்வாண்டு நவம்பரில் பத்திரிகைகளிலும் வெளிவந்தது. ஜனநாயகத்தின் பலம் இங்கே தெரிகிறது. ஒரு சாதாரண பிரஜையின் தபால் உறையை அங்கே முற்றிலும் அலட்சியம் செய்ய முடியவில்லை.

அதன் பலவீனமும் உடனே தெரிந்தது. 1971-ல் இராணுவ நீதிமன்றம் கேலியைக் குற்றவாளி என்று தீர்த்து ஆயுள் தண்டனை விதித்தபோது, ஜனங்களில் பெரும்பாலோர் கேலிக்காகவே பரிந்து தந்திகள் அனுப்பினார்கள். தண்டனை குறைக்கப்பட்டது, பெரும்பாலும் வீட்டுக்காவலிலேயே இருந்து 1974-ல் விடுதலையானார். தண்டிக்கப்பட்டவர் அவர் ஒருவரே. சாட்சி சொன்ன தாம்சனுக்கோ கொலைப் பயமுறுத்தல்கள் வந்தன. செத்த மிருகங்களை அவர் வீட்டு வாசலில் போட்டார்கள். பிள்ளைகளைப் போருக்கு அனுப்புகிற குடும்பங்கள் தங்கள் பிள்ளையின் பெயரில் குற்றம் கேட்க விரும்புவதில்லை. அந்த வலி எனக்கு விளங்குகிறது. ஆனால் ஜனநாயக நாட்டில் சேவகன் சுடுகிற குண்டு நம் எல்லோர் பெயராலும் போகிறது. கேட்க மாட்டோம் என்று நாம் காதைப் பொத்திக்கொண்டால், மேலே உள்ளவர்கள் மூடி மறைப்பதில் ஆச்சரியமென்ன?

கேலியின் வழக்கில் நீதிபதி ஒரு விதியை எடுத்துரைத்தார்: சாதாரண அறிவுள்ள மனிதனுக்கே அநியாயம் என்று தெரியக்கூடிய கட்டளையைக் காரணங்காட்டி ஒருவன் தப்ப முடியாது என்பது அது. இது அந்நிய நாட்டுச் சட்டம் மட்டும் என்று எண்ண வேண்டாம். நமது 1950-ம் ஆண்டின் இராணுவச் சட்டமும், சட்டபூர்வமான கட்டளையை மீறுவதைத்தான் கீழ்ப்படியாமைக் குற்றம் என்கிறது. நம் சேவகன் பிரமாணம் செய்யும்போது, இந்திய அரசியல் சட்டத்திற்கு விசுவாசமாயிருப்பேன் என்ற பிறகே அதிகாரிகளுக்கு உயிர்போனாலும் கீழ்ப்படிவேன் என்று வாக்களிக்கிறான். திருச்சபையின் போதனையும் இதுவே. 1965-ல் இரண்டாம் வத்திக்கான் பொதுச் சங்கம், தேசத்தைக் காக்கும் சேவகர்களை மதித்துப் பேசிய அதே இடத்தில், ஜனங்களை அழிக்கும் கட்டளைகளுக்குக் குருட்டுத்தனமாய்க் கீழ்ப்படிதல் சாக்காகாது என்றும், அவற்றை வெளிப்படையாய் எதிர்ப்பவர்களின் தைரியம் மிகவும் புகழத்தக்கது என்றும் போதித்தது.

இதையெல்லாம் கேட்ட பையன், “அப்படியானால் ஒவ்வொரு கட்டளையையும் நான் தராசில் போட்டுப் பார்க்க வேண்டுமா, சாமி?” என்றான். இல்லை, தம்பி. ஆயிரம் கட்டளையில் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பதுக்கு விரைந்து கீழ்ப்படி. வெயிலில் நில், மலையேறு, பசி பொறு. அப்படிக் கீழ்ப்படிந்து பழகியவன்தான் அந்த ஒன்றில் மறுக்கும்போது, சோம்பேறித்தனத்தினாலோ பயத்தினாலோ மறுக்கிறான் என்று யாரும் சொல்ல முடியாது. தாம்சனும் நல்ல சேவகராயிருந்தவரே.

தகப்பனார் வெகுநேரம் பேசாமல் இருந்தார். பின்பு, “அவருக்குக் கடைசியில் ஏதாவது கிடைத்ததா?” என்று கேட்டார். கிடைத்தது, முப்பது ஆண்டு சென்று. ஒரு பேராசிரியர் பல வருஷம் விடாமல் கடிதம் எழுதியதன் பேரில், 1998 மார்ச் 6-ம் தேதி மூவருக்கும் வீரப்பதக்கம் அளிக்கப்பட்டது. தமக்கு மட்டும் என்றால் வேண்டாம், தோழர் இருவருக்கும் வேண்டும், அதுவும் எல்லோரும் பார்க்கக் கொடுக்க வேண்டும் என்று தாம்சன் நிபந்தனை போட்டிருந்தார். அதே மாதத்தில் அவரும் கோல்பர்னும் மை லாய்க்குப் போனார்கள். அன்று உயிர் தப்பிய ஒரு ஸ்திரீ, சுட்டவர்கள் ஏன் உங்களோடு வரவில்லை என்று கேட்டாளாம். தாம்சனுக்குப் பதில் வரவில்லை. வந்திருந்தால் அவர்களை மன்னித்திருப்போமே என்றாளாம் அவள்.

பையன் செவ்வாய்க்கிழமை இரயிலேறினான். உங்கள் செபமாலையில் அவனை நினைத்துக்கொள்ளுங்கள்.