தொழில் பாடம்: ஆடாத ஸ்டூலுக்கு அளவான முளை



மாட்டு வண்டிச் சக்கரத்தை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். நடுவில் குடம், சுற்றிலும் வட்டை, இரண்டையும் சேர்க்கும் ஆரக்கால். ஒவ்வொரு ஆரக்காலின் முனையும் குடத்தில் உள்ள துளைக்குள் செருகி உட்கார்ந்திருக்கும். நெல் மூட்டை ஏற்றினாலும் மேடு பள்ளத்தில் உருண்டாலும் கழன்று வராது. நம் வீட்டு வாசல் நிலையும் அப்படித்தான். ஒரு மரத்தில் துளை, இன்னொரு மரத்தில் அதற்கு அளவான முளை. இந்த இணைப்பு சரியாக அமைந்தால் ஆணியே தேவையில்லை. சரியாக அமையாவிட்டால் எத்தனை ஆணி அடித்தாலும் நிற்காது.

மரப் பட்டறை நடத்தும் நம் குழுக்களுக்காக, மேஜை ரம்பத்தில் ஜிக் வைத்து முளை வெட்டுவது எப்படி என்பதை இந்த இதழில் பாடமாகத் தருகிறோம். ஜிக் என்றால் மரத்தை ஆடாமல் பிடித்து, ஒரே அளவில் வெட்ட வைக்கும் ஒரு சட்டகம். இதை ஏன் எழுதுகிறோம் என்பதை முதலில் சொல்லி விடுகிறோம்.

திரும்பி வந்த ஆறு ஸ்டூல்கள்

2023-ல் நம் குழுக்களில் ஒன்று, ஒரு தையல் பயிற்சி மையத்துக்கு 15 ஸ்டூல் செய்து கொடுத்தது. முளைகளைக் கைரம்பத்தில் கண் அளவாக அறுத்தார்கள். லூசாக இருந்த இடத்தில் ஆணி அடித்து, இடுக்கில் மரத்தூளும் பசையும் வைத்து அடைத்தார்கள். இரண்டு மாதத்தில் 6 ஸ்டூல் ஆட்டம் கண்டு திரும்பி வந்தது. பாக்கிப் பணமும் நின்று போனது. அந்த மாதக் கடன் தவணையை உறுப்பினர்கள் தங்கள் கைக்காசு போட்டுக் கட்டினார்கள்.

அடுத்து நடந்தது அதைவிட மோசம். மெஷினில் வெட்டினால் அளவாக வரும் என்று நினைத்து, ஒரு சகோதரி சட்டத்தை நெட்டுக்குத்தாக நிறுத்தி, கையாலேயே பிடித்து, பிளேடில் தள்ளினார். பக்கத்துப் பட்டறைக்காரர், "நான் வருஷக்கணக்கா அப்படித்தாம்மா அறுக்கிறேன், ஒண்ணும் ஆகாது" என்று சொல்லியிருந்தார். பிளேடு மரத்தைக் கவ்வித் தூக்கி எறிந்தது. முழங்கையில் அடி. விரல் தப்பியது அதிர்ஷ்டம்தான். "இனிமே அந்த மெஷின் பக்கம் போகாதே" என்று மாமியார் சொல்லிவிட்டார். பட்டறை ஒரு மாதம் பூட்டிக் கிடந்தது.

இதில் எங்கள் தவறும் உண்டு. நாங்கள் ஏற்பாடு செய்த பயிற்சியில் பலகை அறுக்க மட்டுமே சொல்லிக் கொடுத்தோம். முளை வெட்ட ஜிக் வேண்டும் என்பதைச் சொல்லவே இல்லை. அந்தக் குறையைத் தீர்க்கத்தான் இந்தப் பாடம்.

முதலில் அளவு

ஆசாரிமார் கணக்கில் ஒரு அங்குலம் என்பது 8 நூல். நம் ஸ்டூல் கால் இரண்டேகால் அங்குலச் சதுரம். காலையும் காலையும் இணைக்கும் சட்டம் 2 அங்குல அகலம், 9 நூல் கனம்.

முளையின் கனம் சட்டத்தின் கனத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு இருக்க வேண்டும். 9 நூலில் 3 நூல் முளை. இரண்டு பக்கமும் 3 நூல் கழிவு. முளையை ரொம்ப மெலிதாக்கினால் முளை ஒடியும். ரொம்பத் தடிமனாக்கினால் துளை பெரிதாகிக் கால் பிளக்கும்.

முளையின் நீளம் 6 நூல். இன்னும் நீளமாக வைத்தால் என்ன என்று கேட்கலாம். ஒரே காலில் இரண்டு பக்கமிருந்தும் துளை வருகிறது. நீளம் கூடினால் இரண்டும் உள்ளே முட்டிக்கொள்ளும்.

எப்போதும் துளையை முதலில் எடுங்கள். 3 நூல் உளியால் எடுத்தால் துளையின் அகலமும் 3 நூல்தான், அதை மாற்ற முடியாது. முளையைத்தான் துளைக்கு ஏற்ப ஒட்டி வெட்ட முடியும். துளையின் ஆழம் ஆறரை நூல் இருக்கட்டும். அந்த அரை நூல் பசைக்கு இடம்.

மரம் காய்ந்ததாக இருக்க வேண்டும். பச்சை மரத்தில் வெட்டிய முளை பின்னால் சுருங்கி லூசாகிவிடும். எல்லாச் சட்டமும் ஒரே கனமாக இழைத்திருப்பதும் அவசியம். ஏன் என்று கீழே சொல்கிறோம்.

ஜிக் செய்வது

மேஜை ரம்பத்தில் பிளேடுக்கு இணையாக ஒரு நீளக் கைடு இருக்கிறது அல்லவா? அதன் மேல் குதிரைச் சேணம் போல உட்கார்ந்து முன்னும் பின்னும் ஓடுவதுதான் நம் ஜிக். 18 எம்.எம். பிளைவுட் மிச்சத்திலேயே செய்துவிடலாம்.

1. முன்பலகை: 12 அங்குல நீளம், 9 அங்குல உயரம். இது பிளேடு பக்கம் வரும்.
2. பின்பலகை: அதே நீளம், கைடின் உயரத்துக்குக் கொஞ்சம் குறைவாக.
3. மேல்பலகை: இரண்டையும் இணைப்பது. இதன் அகலம் கைடின் கனத்தைவிட ஒரு காகிதக் கனம்தான் கூட இருக்க வேண்டும். ஜிக் வழுக்கி ஓட வேண்டும், ஆனால் பக்கவாட்டில் ஆடக் கூடாது.
4. நிறுத்துகட்டை: முன்பலகையில், நாம் நிற்கும் பக்கமாக, நெட்டுக்குத்தாகத் திருகும் ஒரு கட்டை. மேஜைக்கும் இதற்கும் மூலைமட்டம் வைத்துப் பார்த்துத் திருகுங்கள். இது சாய்ந்தால் எல்லா முளையும் சாயும்.
5. பின்னால் தள்ளுவதற்கு ஒரு கைப்பிடி.

பிளேடு ஏறி வரும் உயரத்தில் ஒரு ஸ்குரூவும் இருக்கக் கூடாது. அடியில் குறைந்தது 3 அங்குலம் விட்டு மேலேதான் ஸ்குரூ போட வேண்டும்.

மெஷினை அமைப்பது

பிளக்கைக் கழற்றி விட்டுத்தான் பிளேடைத் தொட வேண்டும். சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது.

• பிளேடு மேஜைக்கு நேர் செங்குத்தா என்று மூலைமட்டம் வைத்துப் பாருங்கள்.
• மேஜையில் உள்ள காடியிலிருந்து நீளக் கைடு வரை முன்பக்கமும் பின்பக்கமும் அளந்து பாருங்கள். இரண்டும் ஒன்றாக இருந்தால்தான் கைடு நேராக இருக்கிறது. பின்பக்கம் குறுகினால் மரம் நெருக்கப்பட்டு உதைக்கும்.

படி வெட்டு

முளை முடிந்து சட்டம் தொடங்கும் இடத்தில் ஒரு படி வருகிறது. முதலில் அதை வெட்ட வேண்டும். பிளேடின் உயரம் 3 நூல், மயிரிழை குறைந்தாலும் பரவாயில்லை. கூடினால் முளையின் அடியில் வெட்டு விழுந்து பலம் போய்விடும்.

காடியில் ஓடும் குறுக்குக் கைடில் ஒரு நீளக் கட்டையைத் திருகி, அதில் ஒரு தடுப்புக் கட்டையைக் கிளாம்ப் போடுங்கள். தடுப்பிலிருந்து பிளேடு பல்லின் எட்டப் பக்கம் வரை 6 நூல். சட்டத்தைப் படுக்க வைத்து, முனையைத் தடுப்பில் முட்டவைத்து வெட்டுங்கள். புரட்டிப் போட்டு மறுபக்கமும் வெட்டுங்கள். இப்படியே எல்லாச் சட்டங்களின் இரு முனையையும் முடித்து விடுங்கள்.

ஜிக்கில் செங்குத்து வெட்டு

இப்போது பிளேடை 6 நூலுக்கு ஏற்றுங்கள். ஜிக்கைக் கைடு மேல் உட்கார வைத்து, முன்பலகையிலிருந்து பிளேடின் கிட்டப் பக்கப் பல் வரை 6 நூல் வருமாறு கைடை நகர்த்தி இறுக்குங்கள். பற்கள் இடமும் வலமுமாகச் சாய்ந்திருக்கும். ஜிக் பக்கம் சாய்ந்த பல்லிலிருந்துதான் அளக்க வேண்டும்.

சட்டத்தை நெட்டுக்குத்தாக நிறுத்தி, அடி மேஜையில் படிய, முதுகு நிறுத்துகட்டையில் ஒட்ட, கிளாம்பால் ஜிக்கோடு இறுக்குங்கள். கை மரத்தைத் தொடவே வேண்டாம். கைப்பிடியை மட்டும் பிடித்து, அவசரப்படாமல் தள்ளுங்கள். கழிவு பிளேடின் வெளிப்பக்கம் விழும். கழிவு, ஜிக்குக்கும் பிளேடுக்கும் நடுவில் வருமாறு ஒருபோதும் வெட்டாதீர்கள். அது மாட்டிக்கொண்டு எகிறும்.

மோட்டார் நின்று, பிளேடும் முழுதாக நின்ற பிறகு, சட்டத்தின் மறுமுகத்தைத் திருப்பிப் பிடித்து அதே போல் வெட்டுங்கள். இரண்டு பக்கமும் 3 நூல் போய், நடுவில் 3 நூல் முளை நிற்கும். திருப்பி வெட்டுவதால் முளை தானாகவே நடுவில் அமைந்துவிடும்.

இங்கேதான் கவனம் வேண்டும். இரண்டு முகமும் ஒரே அமைப்பில் வெட்டப்படுவதால் பிழை இரட்டிப்பாகும். கைடை அரை நூல் நகர்த்தினால் முளை ஒரு நூல் மாறும். முளை அரை நூல் தடிமனாக இருந்தால் கைடைக் கால் நூல்தான் நகர்த்த வேண்டும். சட்டத்தின் கனம் ஒரு நூல் கூடினால் முளையும் கெட்டுவிடும். எல்லாச் சட்டத்தையும் ஒரே கனமாக இழைக்கச் சொன்னது இதனால்தான்.

நல்ல மரத்தில் கை வைக்கும் முன்பு, அதே கனமுள்ள மிச்சக் கட்டையில் வெட்டி, துளையில் செருகிப் பாருங்கள். கையால் அழுத்தினால் உள்ளே போக வேண்டும். தலைகீழாகப் பிடித்தால் தானாக விழக் கூடாது. கொட்டாப்புளியால் ஓங்கி அடித்தால்தான் போகும் என்றால் கால் பிளந்துவிடும். கட்டை சரியாக வந்த பிறகு கைடை யாரும் தொடக் கூடாது.

ஒரு ஸ்டூலுக்கு மேலே 4, கீழே 4 என 8 சட்டம், 16 முளை. 15 ஸ்டூலுக்கு 240 முளை. ஒரு தடவை பொறுமையாக அமைத்தால் 240-ம் ஒரே மாதிரி வரும். கண் அளவில் இது நடக்காது.

மேல் சட்டத்து முளையின் மேல் ஓரத்தைக் கைரம்பத்தால் அரை அங்குலம் குறைத்து விடுங்கள். துளையையும் காலின் உச்சியிலிருந்து அரை அங்குலம் கீழே தொடங்குங்கள். இல்லாவிட்டால் காலின் தலையில் துளை வாய் பிளந்து நிற்கும். பிறகு மரப்பசை தடவிச் செருகி, கிளாம்ப் போட்டு ஒரு நாள் காயவிடுங்கள்.

மறக்கக் கூடாதவை

• முந்தானையை இறுக்கிச் செருகுங்கள். வளையலைக் கழற்றுங்கள். தாலிக் கொடி ரவிக்கைக்குள் இருக்கட்டும். தலைமுடியைக் கொண்டை போடுங்கள். மெஷினில் கையுறை வேண்டாம். அது கையையே இழுத்துவிடும்.
• பிளேடுக்கு நேர் பின்னால் நிற்காமல் பக்கவாட்டில் நில்லுங்கள்.
• கண்ணாடியும் மாஸ்க்கும் அவசியம். மரத்தூள் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 1995-லேயே அறிவித்திருக்கிறது.
• ஜிக் வேலைக்காகப் பிளேடு மூடியைக் கழற்றியிருந்தால், வேலை முடிந்ததும் மாட்டி விடுங்கள்.
• மெஷின் ஓடும்போது பேச்சு வேண்டாம். தூக்கம் வந்தால், உடம்புக்கு முடியாவிட்டால், அன்று மெஷின் வேண்டாம்.

பிறகு என்ன ஆனது?

அந்தக் குழு ஒரே நாளில் இந்த ஜிக்கைச் செய்தது. முதல் இரண்டு சோதனைக் கட்டை வீணானது. மூன்றாவது சரியாக உட்கார்ந்தது. ஆறு ஸ்டூலுக்கும் புதுச் சட்டமும் புதுக் காலும் போட்டுக் கொடுத்தார்கள். பாக்கிப் பணம் வந்து, உறுப்பினர்கள் போட்ட கைக்காசு திரும்பக் கிடைத்தது.

அடிபட்ட சகோதரியின் மாமியார் ஒருநாள் தாமே பட்டறைக்கு வந்தார். மருமகள் ஜிக்கைத் தள்ளுவதைத் தூரத்தில் நின்று பார்த்தார். கை எங்கே இருக்கிறது, பிளேடு எங்கே இருக்கிறது என்றுதான் பார்த்தார். பிறகு ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து, முன்னும் பின்னும் ஆட்டிப் பார்த்துவிட்டு, "எனக்கும் ஒண்ணு வீட்டுக்குப் போடு" என்றார்.

"மெஷின் வேலை நமக்கு வராது" என்று எத்தனையோ கூட்டங்களில் நம் சகோதரிகள் சொல்லக் கேட்டிருக்கிறோம். நமக்கு வராமல் இல்லை. யாரும் முழுசாகச் சொல்லித் தரவில்லை, அவ்வளவுதான்.

குழுக் கூட்டத்தில் பேச வேண்டியவை

1. நம் பட்டறையில் மரத்தைக் கையால் நெட்டுக்குத்தாகப் பிடித்து அறுக்கும் வழக்கம் இருக்கிறதா? அதை நிறுத்துவதாகத் தீர்மானப் புத்தகத்தில் எழுதுவோமா?
2. ஜிக், கண்ணாடி, மாஸ்க் ஆகியவற்றுக்கான செலவை ஸ்டூல் விலையில் சேர்த்துக் கணக்குப் பார்த்தோமா?
3. ஜிக் அமைக்கத் தெரிந்தவர் ஒருவர் மட்டும்தானா? இன்னும் இருவருக்கு அவர் எப்போது சொல்லித் தருவார்?

பேசி முடித்த விவரத்தை ஊக்குநரும் பிரதிநிதிகளும் அடுத்த கூட்டமைப்புக் கூட்டத்தில் தெரிவியுங்கள். சந்தேகம் இருந்தால் மிச்சக் கட்டையோடு வாருங்கள். வெட்டிப் பார்த்தே பேசுவோம்.