பேட்டரியே இல்லாத ரிமோட்!



டிவி ரிமோட் வேலை செய்யலைன்னா நாம முதலில் என்ன செய்வோம்? பின்னால ரெண்டு தட்டு தட்டுவோம். அப்புறம் பேட்டரியைக் கழற்றி, உருட்டி, திரும்பப் போடுவோம். இந்தத் தொல்லையே இல்லாத ரிமோட் ஒன்று 1956-லேயே கடைக்கு வந்துவிட்டது என்றால் நம்புவீர்களா? அதில் பேட்டரி கிடையாது. ஒயர் கிடையாது. உள்ளே ஒரு டிரான்சிஸ்டர்கூடக் கிடையாது. இருந்ததெல்லாம் நான்கு அலுமினியக் கம்பிகளும், அவற்றைத் தட்ட நான்கு குட்டிச் சுத்தியல்களும்தான்.

அதை வடிவமைத்தவர் ராபர்ட் அட்லர். இந்தக் கட்டுரையில் அவருடைய கண்டுபிடிப்பு எப்படி வேலை செய்தது என்று பார்ப்பதோடு, அந்த யோசனைக்கு அவர் எப்படி வந்து சேர்ந்தார் என்பதையும் பார்க்கப் போகிறோம். ஃபைனல் இயர் புராஜெக்ட்டுக்கு டாபிக் தேடிக்கொண்டிருப்பவர்கள் இரண்டாவது பகுதியைக் கொஞ்சம் கவனமாகப் படியுங்கள்.

யார் இந்த அட்லர்?

1913-ல் ஆஸ்திரியாவின் வியன்னா நகரில் பிறந்தவர். 1937-ல் வியன்னா பல்கலைக்கழகத்தில் இயற்பியலில் டாக்டர் பட்டம் பெற்றார். அடுத்த வருடமே ஹிட்லரின் ஜெர்மனி ஆஸ்திரியாவைத் தன்னோடு இணைத்துக்கொண்டது. யூதரான அட்லர் நாட்டைவிட்டு வெளியேற வேண்டியதாயிற்று. பெல்ஜியம், இங்கிலாந்து என்று போய், கடைசியில் அமெரிக்கா சேர்ந்தார். 1941-ல் சிகாகோவில் இருந்த ஜெனித் நிறுவனத்தின் ஆராய்ச்சிப் பிரிவில் வேலைக்குச் சேர்ந்தார்.

அப்போது இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்தது. விமான ரேடியோக்களுக்கான ஆசிலேட்டர்களிலும் எலக்ட்ரோமெக்கானிக்கல் ஃபில்டர்களிலும் அவர் வேலை செய்தார். இந்த ஃபில்டர் என்ன செய்யும்? மின் சிக்னலை அதிர்வாக மாற்றி, ஒரு உலோகத் துண்டு வழியாக அனுப்பி, மறுபடியும் மின் சிக்னலாக மாற்றும். அந்த உலோகத்தின் இயல் அதிர்வெண்ணோடு ஒத்துப்போகும் சிக்னல் மட்டும் அடுத்த பக்கம் வரும். மற்றதெல்லாம் அடங்கிப்போகும். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

ரிமோட் வந்த பாதை

ஜெனித் நிறுவனத்தின் தலைவர் யூஜின் மெக்டொனால்டுக்கு டிவி விளம்பரங்களைக் கண்டாலே ஆகாது. உட்கார்ந்த இடத்திலிருந்தே விளம்பரத்தின் வாயை அடைக்க ஒரு கருவி வேண்டும் என்று தன் இன்ஜினியர்களை விரட்டிக்கொண்டே இருந்தார்.

முதல் முயற்சி 1950-ல். பெயர் 'லேஸி போன்ஸ்'. ரிமோட்டிலிருந்து டிவி வரைக்கும் ஹாலின் குறுக்கே ஒரு கேபிள் ஓடும். போகிறவர் வருகிறவர் காலெல்லாம் அதில் தடுக்கியது.

இரண்டாவது, 1955-ல் வந்த 'ஃபிளாஷ்-மேட்டிக்'. இதுதான் முதல் வயர்லெஸ் டிவி ரிமோட். இதை உருவாக்கியவர் யூஜின் பாலி. துப்பாக்கி மாதிரி இருக்கும் ஒரு டார்ச். டிவி திரையின் நான்கு மூலைகளிலும் நான்கு போட்டோசெல். எந்த மூலையில் வெளிச்சம் அடிக்கிறோமோ அதற்கான வேலை நடக்கும். அழகான யோசனை. ஆனால் போட்டோசெல்லுக்கு டார்ச் வெளிச்சத்துக்கும் சூரிய வெளிச்சத்துக்கும் வித்தியாசம் தெரியாதே! ஜன்னல் வழியாக வெயில் விழுந்தால் டிவி தானாகச் சேனலை மாற்ற ஆரம்பித்துவிடும்.

அடுத்த தீர்வைத் தேடும் பொறுப்பில் அட்லர் இறங்கினார்.

'இது கூடாது' பட்டியல்

இங்கேதான் நாம் கவனிக்க வேண்டிய விஷயம் இருக்கிறது. ரிமோட் எப்படி இருக்க வேண்டும் என்பதைவிட எப்படியெல்லாம் இருக்கக் கூடாது என்பது அப்போது தெளிவாக இருந்தது.

ஒயர் கூடாது. லேஸி போன்ஸ் பட்ட பாடு போதும்.

சாதாரண வெளிச்சம் கூடாது. வெயில் ஏமாற்றிவிடும்.

ரேடியோ அலை? நமக்கெல்லாம் முதலில் தோன்றுவது இதுதான். ஆனால் ரேடியோ அலை சுவரைத் தாண்டும். நீங்கள் உங்கள் வீட்டில் சேனல் மாற்றினால் பக்கத்து அபார்ட்மென்ட் டிவியிலும் சேனல் மாறும். இன்றைக்கு ஒவ்வொரு ரிமோட்டுக்கும் தனி டிஜிட்டல் கோடு கொடுத்து இதைச் சுலபமாகத் தீர்க்கலாம். வேக்யூம் டியூப் காலத்தில், விலை கட்டுப்படியாகும் அளவில், அதற்கு வழியில்லை.

காதில் விழும் ஒலி? வீட்டுப் பேச்சும் டிவி சத்தமுமே அதைக் குழப்பிவிடும். கேட்பவர்களுக்கும் எரிச்சல்.

கடைசிக் கட்டுப்பாடு விற்பனைப் பிரிவிலிருந்து வந்தது: பேட்டரியே கூடாது. காரணம் ரொம்பச் சிம்பிள். பேட்டரி தீர்ந்தால், டிவியே கெட்டுப்போய்விட்டது என்று வாடிக்கையாளர் நினைத்துவிடுவார் என்று அவர்கள் பயந்தார்கள்.

ஒரு இன்ஜினியருக்கு இந்தக் கடைசி நிபந்தனை கோபத்தை வரவழைத்திருக்கலாம். பவர் சப்ளை இல்லாமல் டிரான்ஸ்மிட்டரா என்று கேட்கத் தோன்றும். ஆனால் யோசித்துப் பாருங்கள். பவர் இருக்கிறது! பட்டனை அழுத்தும் விரலில் இருக்கிறது. அந்த விசையை நேராக அலையாக மாற்ற முடிந்தால் பேட்டரி எதற்கு? சுவரைத் தாண்டாத, வெயிலுக்கு ஏமாறாத, காதுக்குக் கேட்காத அலை எது? மீயொலி, அதாவது அல்ட்ராசவுண்ட். போர்க்காலத்தில் உலோக அதிர்வுகளோடு பழகியவர் என்பதால் அட்லரின் யோசனை அந்தப் பக்கம் போனதில் ஆச்சரியம் இல்லை.

கணக்குப் போட்டுப் பார்ப்போம்

1956-ல் 'ஸ்பேஸ் கமாண்ட்' வந்தது. பட்டனை அழுத்தினால் ஸ்பிரிங் விசையில் ஒரு சுத்தியல் அலுமினியக் கம்பியின் முனையில் 'டிக்' என்று தட்டும். கம்பி நீளவாக்கில் சுருங்கி விரிந்து அதிரும். இரு முனைகளும் சுதந்திரமாக இருக்கும் கம்பியில், முதல் நிலை அதிர்வின்போது கம்பியின் நீளம் அரை அலைநீளத்துக்குச் சமம். செகண்ட் இயர் பாடம்தான்:

அதிர்வெண் = ஒலியின் வேகம் ÷ (2 × நீளம்)

மெல்லிய அலுமினியக் கம்பியில் ஒலியின் வேகம் விநாடிக்குச் சுமார் 5,050 மீட்டர். கம்பியின் நீளம் சுமார் இரண்டரை அங்குலம், அதாவது 6.35 செ.மீ. போட்டுப் பாருங்கள்: 5,050 ÷ 0.127 = ஏறத்தாழ 39,800 ஹெர்ட்ஸ். மனிதக் காதின் எல்லை சுமார் 20,000 ஹெர்ட்ஸ். ஆக, கம்பியின் ஒலி நமக்குக் கேட்காது. சுத்தியல் தட்டும் 'கிளிக்' மட்டும்தான் கேட்கும். அமெரிக்காவில் ரிமோட்டுக்கே 'கிளிக்கர்' என்று பெயர் நிலைத்ததற்கு இந்தச் சத்தம்தான் காரணம்.

நான்கு வேலைகள்: ஆன்/ஆஃப், சத்தத்தை அடக்குவது, சேனல் முன்னே, சேனல் பின்னே. அதற்காக நான்கு கம்பிகளும் சற்றே வெவ்வேறு நீளத்தில் வெட்டப்பட்டன. 40 கிலோஹெர்ட்ஸ் பக்கத்தில் 1 கிலோஹெர்ட்ஸ் வித்தியாசம் வேண்டுமானால் நீளத்தில் எவ்வளவு குறைக்க வேண்டும்? நீங்களே கணக்குப் போடுங்கள். 1.6 மி.மீ. போல வரும். சாதாரணப் பட்டறையில் சாத்தியமான துல்லியம்தான்.

கம்பியை எங்கே பிடித்து நிறுத்துவது? முனையில் பிடித்தால் அதிர்வு செத்துவிடும். நடுப்புள்ளியில் அசைவே இல்லை, அது நோட். அங்கே பிடித்தால் கம்பி தடையில்லாமல் ரீங்கரிக்கும்.

டிவிக்குள் ஒரு மைக், ஆம்பிளிஃபையர், ஒவ்வொரு அதிர்வெண்ணுக்கும் ஒரு டியூன்டு சர்க்யூட். எந்த சர்க்யூட் விழித்துக்கொள்கிறதோ அதற்கான ரிலே இயங்கும். கையில் இருக்கும் பெட்டி எளிமையானதால் சிக்கல் முழுக்க டிவிக்குள் போய்விட்டது. ஆறு வேக்யூம் டியூப்கள் கூடுதலாகத் தேவைப்பட்டன. டிவியின் விலை சுமார் 30 சதவீதம் ஏறியது. குறையும் இருந்தது: சாவிக்கொத்தைக் குலுக்கினால் அந்த உலோகச் சத்தத்திலும் மீயொலி உண்டு என்பதால் சில சமயம் சேனல் மாறிவிடும்.

இருந்தாலும் மக்கள் வாங்கினார்கள். 1960-களில் டிரான்சிஸ்டர் மலிவானதும் கம்பி போய், பேட்டரியில் ஓடும் மீயொலி ரிமோட் வந்தது. 1980-களின் தொடக்கம் வரை, சுமார் கால் நூற்றாண்டு, டிவி ரிமோட் என்றால் மீயொலிதான். அதன் பிறகு அகச்சிவப்பு ரிமோட் வந்தது.

தோற்றுப்போன ஐடியா திரும்பி வந்த கதை

அகச்சிவப்பும் வெளிச்சம்தானே? வெயிலிலும் அகச்சிவப்பு உண்டே? அப்படியானால் பாலியின் டார்ச்சைத் தோற்கடித்த பிரச்சினை இதற்கு ஏன் இல்லை?

விடை உங்கள் லேப் டிராயரிலேயே இருக்கிறது. டிஎஸ்ஓபி 1738 ரிசீவர் ஞாபகம் இருக்கா? அந்த '38' என்பது 38 கிலோஹெர்ட்ஸ். ரிமோட்டின் எல்இடி விநாடிக்கு 38,000 முறை அணைந்து எரியும். ரிசீவர் அந்தத் துடிப்பை மட்டும் பிடித்துக்கொண்டு, மாறாமல் அடிக்கும் வெயிலை ஒதுக்கிவிடும். பாலி தேர்ந்தெடுத்த ஊடகம் சரிதான், வெளிச்சம். அதற்குத் தேவைப்பட்டது மாடுலேஷனும் மலிவான சிப்பும். சுமார் கால் நூற்றாண்டு கழித்து அவை வந்தன. உங்கள் போன் கேமராவை ரிமோட் முனைக்கு நேராகப் பிடித்துப் பட்டனை அழுத்துங்கள். பெரும்பாலான கேமராக்களில், முக்கியமாக முன் கேமராவில், அந்த ஒளி மினுக்குவது தெரியும்.

பாலியைப் பற்றி இன்னும் ஒரு வார்த்தை. அவரிடம் டாக்டர் பட்டம் இல்லை. 1935-ல் ஜெனித்தின் ஸ்டாக் ரூமில் வேலைக்குச் சேர்ந்து, படிப்படியாக இன்ஜினியராக உயர்ந்தவர். ரிமோட்டின் தந்தை என்ற பெயர் அட்லருக்கே போனதில் அவருக்குக் கடைசிவரை வருத்தம் உண்டு. 1997-ல் எம்மி விருது கொடுத்தபோது இருவரையும் சேர்த்தே கௌரவித்தார்கள். டீம் புராஜெக்ட் ரிப்போர்ட்டில் பெயர் போடும்போது இந்த இரண்டு பேரையும் நினைத்துக்கொள்ளுங்கள். வேலை செய்யாமல் போன முதல் வெர்ஷனைச் செய்தவரும் அந்த டீமில்தான் இருக்கிறார்.

ரிமோட்டோடு முடியவில்லை

அட்லர் பெயரில் சுமார் 180 அமெரிக்கப் பேட்டென்ட்கள் உண்டு. டிவியின் ஒலிப் பகுதியில் பல டியூப்கள் செய்த வேலையை ஒன்றே செய்யும் 'கேட்டட்-பீம்' டியூப் அவருடையது. இசிஇ மாணவர்கள் ஆர்எஃப் பாடத்தில் 'அட்லர் சமன்பாடு' என்று ஒன்றைப் பார்ப்பீர்கள். ஓர் ஆசிலேட்டருக்குள் வெளியிலிருந்து பலவீனமான சிக்னலைச் செலுத்தினால், எவ்வளவு அதிர்வெண் வித்தியாசம் வரைக்கும் அது அந்தச் சிக்னலோடு ஒட்டிக்கொள்ளும் என்று சொல்லும் சமன்பாடு. 1946-ல் எழுதியது, இன்றைக்கும் பயன்படுகிறது.

திடப்பொருளில் ஓடும் ஒலியை அவர் விடவே இல்லை. அலுமினியக் கம்பிக்குள் ஓடிய அதிர்வு, பிற்பாடு கண்ணாடியின் மேற்பரப்பில் ஓடும் அலையாக மாறியது. விரல் தொட்டால் அந்த இடத்தில் அலை வலுவிழக்கும், அதை வைத்து தொட்ட இடத்தைக் கண்டுபிடிக்கலாம். இதுதான் மேற்பரப்பு ஒலி அலைத் தொடுதிரை. தொடுதிரை பற்றிய அவருடைய கடைசிப் பேட்டென்ட் விண்ணப்பம் 2007 பிப்ரவரி 1 அன்று வெளியானது. இரண்டு வாரம் கழித்து, பிப்ரவரி 15 அன்று, 93 வயதில் அவர் காலமானார். இத்தனைக்கும் அவர் டிவி பார்ப்பதே அபூர்வமாம்!

சரி, நம்ம புராஜெக்ட்டுக்கு வருவோம்

நம்மில் பலர் புராஜெக்ட்டை எங்கே ஆரம்பிக்கிறோம்? ஒரு ஆர்டுயினோ போர்டு, ஒரு சென்சார், ஒரு புளூடூத் மாட்யூல் வாங்கிவிட்டு, அப்புறம் இதை வைத்து என்ன செய்யலாம் என்று யோசிக்கிறோம். அட்லர் போன பாதை நேர் எதிர். யார் பயன்படுத்தப் போகிறார்கள், எது கூடவே கூடாது என்பது முதலில். பாகங்கள் கடைசியில்.

அடுத்த ரிவ்யூவுக்கு முன்னால் டீமாக உட்கார்ந்து ஒரு தாளில் 'இது கூடாது' என்று தலைப்புப் போட்டு ஐந்து வரி எழுதுங்கள். கரண்ட் போனால் நிற்கக் கூடாது, படிக்கத் தெரியாதவருக்கும் குழப்பக் கூடாது, இருநூறு ரூபாயைத் தாண்டக் கூடாது... இப்படி. உங்கள் சர்க்யூட்டில் பாதி பாகங்கள் தாமாகவே வெளியே போய்விடும்.

கடைசியாக ஒரு வீட்டுப்பாடம். எஃகுக் கம்பியிலும் ஒலியின் வேகம் ஏறத்தாழ அலுமினியத்தில் இருப்பதுதான். அப்படியென்றால் எஃகிலும் அதே நீளத்துக்கு அதே அதிர்வெண் வரும். இருந்தும் கையில் பிடிக்கும் ரிமோட்டுக்கு அலுமினியம் ஏன் நல்ல தேர்வு? ஒரு குறிப்பு: எடையை மட்டும் பார்க்காதீர்கள், கம்பியிலிருந்து காற்றுக்கு ஒலி எவ்வளவு சுலபமாகக் கடக்கிறது என்பதையும் பாருங்கள். பதில் கிடைத்தால் பக்கத்து பெஞ்ச் நண்பருக்கும் விளக்கிச் சொல்லுங்கள்!