முதல் சம்பளத்துக்கு முன்பே முடிவெடு

கர்த்தருக்குள் மிகவும் அன்பான மகளுக்கு,

பெரியம்மா எழுதிக்கொள்வது. இங்கே பெரியப்பாவும் நானும் சுகம். ராத்திரி குடும்ப ஜெபத்தில் உன் பெயரைச் சொல்லாமல் நாங்கள் படுப்பதில்லை. சோழிங்கநல்லூரில் நல்ல விடுதி கிடைத்ததையும், வேலை உனக்குப் பிடித்திருப்பதையும் உன் அம்மா சொன்னாள். கேட்டு ஆண்டவருக்கு ஸ்தோத்திரம் செலுத்தினோம்.

அன்றைக்குப் போனில் நீ கேட்ட கேள்வி போனில் பேசி முடிகிற காரியமல்ல. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். "கடவுளுக்கு முதலிடம் கொடு என்று சின்ன வயசிலிருந்து எல்லாரும் சொல்கிறீர்கள். ஷிப்டு முடிந்து அறைக்கு வந்தால் கண்ணைத் திறக்க முடியவில்லை. நான் எப்படிப் பெரியம்மா கொடுப்பது?" என்று கேட்டாய்.

எனக்குத் தெரிந்த பதில் இதுதான்: நெருக்கடி வந்து நிற்கும் நேரத்தில் கடவுளுக்கு முதலிடம் கொடுப்பது மிகவும் கடினம். அதை முன்கூட்டியே முடிவு செய்து வைத்துவிட வேண்டும். உடம்பு அசந்த பிறகும், பணம் செலவாகத் தொடங்கிய பிறகும், மேலதிகாரி எதிரே வந்து நின்ற பிறகும் யோசிக்க ஆரம்பித்தால் மனசு சுலபமான வழியைத்தான் தேடும். நியாயமும் அதற்குத் தானாகக் கிடைக்கும்.

தானியேலைப் பார். பாபிலோன் அரண்மனையின் சாப்பாட்டால் தன்னைத் தீட்டுப்படுத்திக்கொள்வதில்லை என்று அவன் தன் இருதயத்தில் நிச்சயம் பண்ணிவிட்டுத்தான் அதிகாரியிடம் போய்ப் பேசினான். வீம்பு பிடிக்கவில்லை. பத்து நாள் சோதித்துப் பாருங்கள் என்று பணிவாகக் கேட்டான். பல வருஷம் கழித்துச் சிங்கக் கெபியைக் காட்டி மிரட்டியபோதும் அவன் புதிதாக ஒன்றும் செய்யவில்லை. முன்பு செய்துவந்தபடியே தினம் மூன்று வேளை ஜெபித்தான், அவ்வளவுதான். நாள்தோறும் காத்துவந்த தீர்மானம் அந்த நாளிலும் அவனைத் தாங்கியது.

எரிக் லிடெல் என்ற ஸ்காட்லாந்து ஓட்டக்காரரைப் பற்றி உனக்குத் தெரிந்திருக்கும். சீனாவில் மிஷனெரிகளின் மகனாகப் பிறந்தவர். 1924 பாரிஸ் ஒலிம்பிக்கில் நூறு மீட்டர் ஓட்டத்தின் தகுதிச் சுற்று ஞாயிற்றுக்கிழமை வந்ததால் அதில் ஓட மறுத்தார். மைதானத்துக்குப் போன பிறகு திடீரென்று மறுத்தவர் அல்ல அவர். அட்டவணை பல மாதங்களுக்கு முன்பே தெரிந்திருந்தது. அப்போதே முடிவு செய்து, நானூறு மீட்டருக்குப் பயிற்சி எடுத்து, 47.6 விநாடியில் ஓடித் தங்கம் வென்றார். தங்கம் கிடைத்ததற்காக இதைச் சொல்லவில்லை. அது கிடைக்காமல் போயிருந்தாலும் அவர் முடிவு சரியான முடிவுதான்.

இனி உன் காரியத்துக்கு வருகிறேன்.

முதலில் நேரம். விடியற்காலையில் எழுந்திரு என்று நான் சொல்ல மாட்டேன். நீ படுப்பதே மூன்று மணிக்கு. ஆண்டவர் கப்பர்நகூமில் இருந்தபோது ஒரு சாயங்காலம் ஊரே வாசலில் வந்து கூடியது. நோயாளிகளை எல்லாம் சுகமாக்கினார். மறுநாள் இருட்டோடே எழுந்து தனியிடத்துக்குப் போய் ஜெபித்தார். சீஷர்கள் தேடி வந்து, எல்லாரும் உம்மைத் தேடுகிறார்கள் என்றபோது, அடுத்த ஊர்களுக்குப் போவோம் என்றார். தேடி வந்த கூட்டம் அவருடைய நாளைத் தீர்மானிக்கவில்லை. பிதாவோடு இருந்த அந்த நேரம் தீர்மானித்தது. நீ காலை பதினொரு மணிக்கு எழுந்தால் உனக்கு அதுதான் அதிகாலை. போனைக் கையில் எடுக்கும் முன்னே ஒரு சங்கீதம், சுவிசேஷத்தில் பாதி அதிகாரம், ஒரு சின்ன ஜெபம். அதற்கு வேண்டிய புத்தகம் இரவே தலைமாட்டில் இருக்கட்டும். வேதத்தைப் போனிலேயே வாசிக்கிறேன் என்று சொல்லாதே; போனைத் திறந்ததும் வேறு எத்தனையோ பேர் உன்னைக் கூப்பிடுவார்கள்.

அடுத்தது பணம். எங்கள் ஆச்சி சமைப்பதை நான் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன். ஆழாக்கால் அரிசியை அளந்து சட்டியில் போடுவார்கள். களைவதற்கு முன்னே அதிலிருந்து ஒரு பிடி அள்ளி, அடுப்படி மூலையில் இருந்த மண் கலயத்தில் போட்டு மூடுவார்கள். உதடு மட்டும் அசையும். வீட்டில் அரிசி குறைந்தால் சோறு கஞ்சியாகும். பிடி அரிசி மட்டும் நிற்காது. ஞாயிற்றுக்கிழமை அது கோயிலுக்குப் போகும். சாப்பிட்டு மிஞ்சியதைப் பார்த்து எடுத்து வைக்கலாம் என்று ஆச்சி ஒருநாளும் நினைத்ததில்லை. பெரிய தோட்டமோ துரவோ இல்லாத இப்படிப்பட்ட ஜனங்கள் நிறைந்த திருநெல்வேலித் திருச்சபைதான், 1903-இல் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கத்தைத் தொடங்கியது. நம் பணம், நம் ஊழியர், நம் நிர்வாகம் என்பதே அதன் ஏற்பாடு. அதைத் தொடங்கியவர்களில் ஒருவர் வெள்ளாளன்விளையில் பிறந்த அசரியா. பிறகு 1912-இல் தோர்ணக்கல் பேராயராகி, ஆங்கிலிக்கன் திருச்சபையின் முதல் இந்தியப் பேராயர் என்ற பெயரும் பெற்றார்.

இந்த மாசக் கடைசியில் உனக்கு முதல் சம்பளம் வருகிறது. அதை முழுவதும் கோயிலில் படைக்கிற குடும்பங்கள் நம் பக்கத்தில் உண்டு. உன்னை நான் அப்படி வற்புறுத்தவில்லை. கல்விக்கடன் தவணை இருக்கிறது, விடுதிக்குக் கட்ட வேண்டும். ஆனால் தசமபாகம் எவ்வளவு என்பதைப் பணம் வருவதற்கு முன்பே எழுதி வைத்துவிடு. வந்த அன்றே பிரித்து எடுத்துவிடு. மாசக் கடைசியில் மிஞ்சியதைத் தரலாம் என்று இருந்தால், எவ்வளவு சம்பளம் வந்தாலும் மிஞ்சாது.

ஞாயிறு ஆராதனைக்கு விடுதிக்குப் பக்கத்தில் ஒரு சபையைப் பார்த்துக்கொள். வாரம் ஒரு கோயில் என்று அலையாதே. நீ வராத வாரம் உன்னைத் தேடுகிற நாலு பேர் உனக்கு அங்கே வேண்டும். காலையில் வேலை என்றால் மாலை ஆராதனைக்குப் போ. இரண்டும் முடியாத வாரமும் வரும். அதற்காகக் குற்ற உணர்வில் வெந்து போகாதே. ஆஸ்பத்திரியில் டூட்டி பார்க்கிற நர்சுக்கும் ஆண்டவர் ஆண்டவர்தான். அந்த லிடெல் பிற்காலத்தில் சீனாவில் ஊழியம் செய்தபோது, ஜப்பானியர் அவரை வெய்சியன் முகாமில் அடைத்தார்கள். 1945-இல் அங்கேயே இறந்தார். அந்த முகாமில் ஞாயிற்றுக்கிழமை விளையாடிய பிள்ளைகள் நடுவர் இல்லாமல் சண்டை போட்டபோது, அவரே போய் நடுவராக நின்றார் என்று அவர் வரலாற்றை எழுதியவர்கள் சொல்கிறார்கள். தன் பெயருக்காக ஞாயிறன்று ஓடாத மனிதர், பிள்ளைகளுக்காக ஞாயிறன்று மைதானத்தில் நின்றார். இரண்டு இடத்திலும் அவர் கேட்டது ஒரே எஜமானின் சத்தத்தைத்தான்.

வேலை செய்யும் இடத்திலும் முன்கூட்டியே முடிவு செய்ய வேண்டியது இருக்கிறது. வரி மிச்சம் பிடிக்கப் போலி வாடகை ரசீது கொடுப்பது பல அலுவலகங்களில் சகஜம். "எல்லாரும் கொடுக்கிறார்கள், நீ மட்டும் ஏன் பணத்தை விடுகிறாய்?" என்று கேட்பார்கள். செய்யாத வேலையைச் செய்ததாக மணிக்கணக்கு எழுதச் சொல்வார்கள். நான் பொய் எழுதுவதில்லை என்று இப்போதே முடிவு செய்து வை. கேட்கிறவர்களிடம் பிரசங்கம் பண்ணாமல், சிரித்த முகத்தோடு முடியாது என்று சொல். மேஜையில் வசன அட்டை வைத்திருப்பவள் வேலையை அரைகுறையாக முடித்தால், கெடுவது அந்த வசனத்தின் பெயர்.

இன்னும் ஒன்றிரண்டு வருஷத்தில் உனக்கு மாப்பிள்ளை பார்ப்பார்கள். இதை உன் அப்பாவுக்கும் எழுதப் போகிறேன். நாம் ஜாதகம் பார்ப்பதில்லை என்று பெருமைப்படுகிறோம். ஆனால் சவரன் பார்க்கிறோம், சாதி பார்க்கிறோம். எத்தனை சவரன் என்று பேசி முடித்த பிறகுதான் சபை ஐயரை அழைத்து ஜெபம் செய்கிறோம். சவரன் பேசியபோது ஒதுக்கி வைத்த ஆண்டவரைப் பிறகு ஆசீர்வதிக்க மட்டும் கூப்பிடலாமா? வரதட்சணை கேட்கிற வீட்டுக்குப் போக மாட்டேன் என்று, யாரும் பெண் பார்க்க வருவதற்கு முன்பே வீட்டில் சொல்லிவிடு. உன் பக்கம் பெரியம்மா நிற்பேன்.

கடைசியாக ஒரு எச்சரிக்கை. கடவுளுக்கு முதலிடம் என்று சொல்லி மனுஷரைத் தள்ளிவிடாதே. பெற்றோருக்குச் செய்ய வேண்டியதைக் கடவுளுக்குக் காணிக்கையாக்கிவிட்டோம் என்று சாக்குச் சொன்னவர்களை இயேசு கடுமையாகக் கண்டித்தார். சகோதரனுக்கு உன்மேல் மனக்குறை உண்டென்று நினைவு வந்தால், காணிக்கையைப் பலிபீடத்தின் முன்னேயே விட்டுவிட்டுப் போய் ஒப்புரவாகு, பிறகு வந்து செலுத்து என்றதும் அவர்தான். தமக்கு வர வேண்டிய காணிக்கையையே காத்திருக்கச் சொல்கிறார் என்றால், அந்த ஒப்புரவை எவ்வளவு பெரிதாக எண்ணியிருக்க வேண்டும்! மகளே, நீயும் அண்ணனும் பேசி நாளாகிறது. யார் பக்கம் நியாயம் என்று நான் கேட்கப் போவதில்லை. தசமபாகத்தைப் பிரித்து எடுத்து வைத்தாலும், அண்ணனோடு பேசாமல் அதைக் கோயிலுக்குக் கொண்டு போகாதே.

ஆகவே இந்தக் கடிதத்தை வாசித்ததும் மூன்று காரியம் செய். டைரியில் ஜெப நேரத்தை எழுது. தசமபாகத் தொகையை எழுது. பிறகு அண்ணனுக்குப் போன் போடு. முதல் இரண்டும் நாளைக்கு ஆனாலும் பரவாயில்லை. போன் இன்றைக்கே போக வேண்டும்.

கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காப்பாராக.

என்றும் உனக்காக ஜெபிக்கும்,
பெரியம்மா