நாலு குரலும் ஒன்றையொன்று கேட்கட்டும்

மாத்தளையில் ஆலயப் பாடகர் குழுவை நடத்தவும் ஓர்கன் வாசிக்கவும் தொடங்கி எனக்கு 35 ஆண்டுகள் ஆகின்றன. இந்த வேலைக்கு வர ஆசைப்படும் பிள்ளைகள் என்னிடம் முதலில் கேட்பது, “எத்தனையாவது கிரேட் வரைக்கும் பாஸ் பண்ணணும் சேர்?” என்பதுதான். பரீட்சை வேண்டும், நானும் எழுதித் தேறியவன்தான். ஆனால் இந்தத் தொழிலின் முதல் பாடம் எனக்குக் கிடைத்தது, பொறுப்பேற்ற ஆண்டில் ஒரு ஞாயிறு ஒத்திகையில்.

ரத்தோட்டைப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து வந்த ஆறு பெண்கள் சொப்ரானோவில் நின்றார்கள். பாமாலைப் புத்தகத்தில் அச்சிட்டிருந்த சுருதியிலேயே, அதாவது இரண்டரைக் கட்டையில், வாசித்தேன். மூன்றாவது வரியின் உச்சிக்குப் போனதும் ஆறு பேரும் வாயை மூடிக்கொண்டார்கள். “மூச்சைப் பிடித்துப் பாடுங்கள்” என்று சொல்லித் திரும்பத் திரும்ப வாசித்தேன். நாலாவது தடவை அவர்களில் மூத்தவர் சொன்னார்: “அது எங்களுக்கு எட்டலீங்க சேர். கொஞ்சம் கீழ வச்சுக் குடுத்தீங்கன்னா பாடிருவோம்.” ஒரு கட்டைக்கு இறக்கினேன். அதே வரியில் அவர்கள் குரல் திறந்துகொண்டது. நான் வாசித்த ஓர்கன் எனக்கே கேட்கவில்லை.

கொழுந்து மலையில் எட்டக் கூப்பிட்டுப் பழகிய நெஞ்சுக் குரல் அது. இங்கிலாந்து ஆலயங்களில் உச்ச வரியைப் பாடும் சிறுவர்களின் மெல்லிய தலைக் குரலுக்காக எழுதிய சுருதியை அதன்மேல் ஏற்றியது என் பிழை. அன்றிலிருந்து புதிய குழு எதுவானாலும் முதல் நாள் புத்தகத்தைத் திறப்பதில்லை. ஒவ்வொருவரையும் தெரிந்த பாட்டொன்றைப் பாடச் சொல்லி, குரல் சிரமப்படாமல் எதுவரை இறங்குகிறது, எதுவரை ஏறுகிறது என்று கொப்பியில் குறித்துக்கொள்கிறேன். ஒவ்வொரு தை மாதமும் அந்தக் குறிப்பைப் புதுப்பிக்கிறேன். சென்ற வருடம் ஆல்டோவில் நின்ற பையன் இந்த வருடம் குரல் உடைந்து பேஸுக்குப் போயிருப்பான்.

பாமாலைக்கு ஒரு கை, கீர்த்தனைக்கு வேறு கை

இந்தக் குரல்கள் வந்த வழியையும் நடத்துனர் அறிந்திருக்க வேண்டும். கோப்பிக் காலத்தில் தமிழகத்திலிருந்து வந்த நம் முன்னோர் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே நடந்து, தம்புள்ளையைத் தாண்டி மாத்தளைக்கு வந்தார்கள். தோட்டத் தமிழருக்கான அங்கிலிக்கன் ஊழியம் மலைநாட்டில் தொடங்கிய ஆண்டு 1854. தஞ்சாவூர் வேதநாயகம் சாஸ்திரியார் (1774–1864) அப்போது உயிரோடிருந்தார். அவருடைய கீர்த்தனைகள் ஒரு பக்கம், ஐரோப்பிய மெட்டில் மொழிபெயர்த்த பாமாலைகள் மறுபக்கம் என்று இரண்டு மரபுகள் நம் ஆலயங்களில் இன்றும் ஒரே ஆராதனையில் ஒலிக்கின்றன.

ஆரம்பத்தில் கீர்த்தனைக்கும் சுரத்துக்குச் சுரம் கோர்ட் போட்டேன். முன்வரிசையில் ஒரு பெரியவர் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு உட்கார்ந்திருந்தார். ஆராதனை முடிந்ததும், “ராகம் எங்க தம்பி போச்சு?” என்று மட்டும் கேட்டார். கமகம் ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கிப் போவது. கட்டைகளோ ஒவ்வொன்றும் தனித்தனியாக நிற்பவை. அதன் கீழே கோர்ட்டையும் அடுக்கினால் வழுக்க இடமே இருக்காது. இப்போது வலக்கையில் மெட்டை மட்டும், இடக்கையில் சட்ஜமும் பஞ்சமமும் மட்டும் பிடிக்கிறேன். அசைவைக் குரலுக்கு விட்டுவிடுகிறேன். கை வீசி நடத்துவதையும் நிறுத்தி, ஆதி தாளத்தின் எட்டு அட்சரத்தையும் எல்லோருமாகத் தட்டிப் பாடுகிறோம்.

ஆலயத்துக்கு வெளியேயும் கேட்கப் போங்கள். மாசியில் தோட்டங்களில் காமன் கூத்து நடக்கும். தப்பைத் தீயில் காய்ச்சி அடிக்கும்போது கூட்டம் முழுவதும் எப்படி ஒரே நடையில் இழுபடுகிறது என்று பாருங்கள். தவக்காலத்தில் கத்தோலிக்க ஆலயங்களில் யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளின் வியாகுலப் பிரசங்கத்தை இராகத்தோடு வாசிப்பார்கள். கோவாவிலிருந்து 1705இல் இலங்கைக்கு வந்தவர் அவர். தாளக் கட்டு இல்லாமலே ஒரு வாக்கியம் எங்கே மூச்சுவிட வேண்டும் என்பதை நான் அந்த வாசிப்பில்தான் கற்றேன்.

பலம் பாலம் ஆகாமல்

மொழிபெயர்த்த பாட்டில் பெரிய ஆபத்து குறிலும் நெடிலும்தான். நீண்ட சுரத்தின்மேல் ஒரு குறில் வந்து விழுந்தால் ‘பலம்’ ‘பாலம்’ ஆகிறது. ‘மனம்’ ‘மானம்’ ஆகிறது. கேட்பவருக்குச் சொல் போய்விடும், மெட்டு மட்டும் மிஞ்சும். இதற்கு நான் கண்ட வழி எளிது. முதல் எழுத்தைச் சட்டென்று விட்டு, நீளத்தை அடுத்த எழுத்துக்குக் கொடுங்கள்: ‘ப’வைத் தொட்டு, ‘லம்’மில் தங்குங்கள். கடைசியில் வாயை மூடி மகரத்தில் ரீங்கரிக்கலாம். புதுப் பாட்டு எடுத்தால் முதலில் மெட்டில்லாமல் சொற்களைப் பேசவைக்கிறேன். பேச்சில் எது குறிலோ அது பாட்டிலும் குறிலாகவே கேட்க வேண்டும்.

கோட்டு நொட்டேஷன் தெரியாதவர்களை ஒதுக்காதீர்கள். ஜோன் கர்வன் என்ற ஆங்கிலேய போதகர் 19ஆம் நூற்றாண்டில் பரப்பிய டானிக் சொல்ஃபா முறை திருநெல்வேலிப் பாடகர் குழுக்களில் வேரூன்றியது. டோ, ரே, மீ என்ற எழுத்துகளைக் கொண்டே நாலு குரல் பாட்டை அதில் எழுதிவிடலாம். ச ரி க ம தெரிந்த பிள்ளை ஒரு மாதத்தில் பிடித்துக்கொள்ளும். இதேபோல், நத்தாருக்கு மூன்று மொழிகளில் கரோல் பாடும்போது, தமிழ்ச் சொற்களைச் சிங்களப் பிள்ளைகளுக்குச் சிங்கள எழுத்தில் எழுதிக் கொடுக்கிறேன். எங்கள் பிள்ளைகளுக்குச் சிங்களப் பாட்டைத் தமிழ் எழுத்தில். ‘ழ’வை மட்டும் வாயைப் பார்த்துத்தான் படிக்க வேண்டும். அதைப் பழகும் ஐந்து நிமிடத்தில் இரு பக்கமும் நெருங்கிவிடுகிறது.

கருவியும் ஒரு பாடகர்தான்

எங்கள் பழைய கால் ஆர்மோனியத்துக்கு எதிரி மழை. வடகீழ்ப் பருவ மழை சரியாகக் கரோல் காலத்தில் வந்து நிற்கும். ஒரு வருடம் ஆராதனையின் நடுவில் ஈரத்தில் ஊதிய கட்டையொன்று கீழேயே நின்றுவிட்டது. கால் மிதிக்கும் வரை அந்த ஒரே சுரம் அழுதுகொண்டே இருந்தது. மூடியைச் சாத்திவிட்டுக் கையால் நடத்தினேன். பிறகு ஒரு வழி செய்தேன்: ஐப்பசி முதல் தை வரை இரவில் பெட்டிக்குள், மரத்திலும் துணியிலும் படாமல், ஒரு 25 வாட் குண்டு பல்ப் எரியும். துருத்தித் துணியைப் பூச்சி அரிக்காமல் அந்துருண்டை. இந்த இரண்டும் என்னை ரிப்பேர்க்காரரிடம் அடிக்கடி ஓடாமல் காத்தன.

ஒரே குரலை நம்பாதீர்கள்

சிறுவனாக நான் பாடிய குழுவில் பேஸ் பாட ஒரே ஒரு மாமா இருந்தார். 1964ஆம் ஆண்டு சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின்கீழ் ‘இந்தியா’ விழுந்த, அதாவது இந்தியாவுக்குப் போக வேண்டிய, குடும்பம் அவருடையது. 70களின் இறுதியில் ஒருநாள் தலைமன்னாருக்கு ரயில் ஏறினார்கள். அடுத்த ஞாயிறு நாங்கள் நாலு குரலில் பாட எழுந்தோம். கீழே ஒன்றும் இல்லை. அந்த வெற்றிடம் இன்னும் என் காதில் இருக்கிறது. இப்போது குரல்கள் கொழும்பு கார்மென்ட்ஸுக்கும் வளைகுடாவுக்கும் போகின்றன. போகிறவர்களைத் தடுக்க நமக்கு உரிமையில்லை. ஆகவே ஒவ்வொரு குரலுக்கும் குறைந்தது மூன்று பேரைத் தயார்செய்யுங்கள். அவர்களில் ஒருவர் பதினைந்து வயதுக்குட்பட்டவராக இருக்கட்டும்.

வருமானத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஆலயம் தரும் சன்மானத்தில் அடுப்பு எரியாது. வார நாட்களில் வீட்டில் பியானோ வகுப்பு, சாதாரண தரப் பிள்ளைகளுக்கு மேலைத்தேய சங்கீதம், மாதத்தில் ஓரிரு கல்யாணம் என்று சேர்த்துத்தான் என் குடும்பம் நடந்தது. கல்யாணக் கூலியை முன்பே பேசிவிடுங்கள். மரண வீட்டில் வாங்காதீர்கள். ஒத்திகையைக் கடைசி பஸ்ஸுக்கு அரை மணி முன்பே முடித்துவிடுங்கள். எல்கடுவைக்குப் போக வேண்டிய பெண் மணிக்கூட்டைப் பார்க்கத் தொடங்கிவிட்டால் அதன்பின் அவர் பாடுவதில்லை.

இருட்டில் ஓர் ஒத்திகை

2022 மார்ச் கடைசியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்சாரம் இல்லை. லெந்து காலம். பெரிய வெள்ளிக்கு நாலு குரல் பாட்டொன்றைப் பழக்கிக்கொண்டிருந்தோம். கால் ஆர்மோனியம் அப்போது பழுதுபார்க்கக் கழற்றிக் கிடந்தது. மின் கீபோர்ட் மரக்கட்டையாக நின்றது. கடையில் மெழுகுவர்த்திக்கும் தட்டுப்பாடு. பதினெட்டுப் பேரையும் வரிசை கலைத்து வட்டமாக நிற்கச் சொன்னேன். ஒவ்வொரு சொப்ரானோவுக்கும் பக்கத்தில் ஒரு பேஸ். இசைக்கவையை முழங்காலில் தட்டி ஆரம்பச் சுரத்தை மட்டும் கொடுத்தேன். என் கை யாருக்கும் தெரியாது. ஆகவே நானும் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன்.

முதல் தடவை உடைந்தது. இரண்டாம் தடவை மூச்செடுக்கும் சத்தத்தைக் கேட்டே சேர்ந்து தொடங்கினார்கள். மூன்றாம் தடவை நாலு பத்தியும் நிற்காமல் பாடி முடித்தார்கள். முடிந்ததும் இசைக்கவையை மறுபடி தட்டி ஒப்பிட்டுப் பார்த்தேன். சுருதி அரைக் கட்டை இறங்கியிருந்தது. ஆனால் நாலு குரலும் சேர்ந்தே இறங்கியிருந்தன. அவற்றுக்கிடையே இம்மியும் பிசகவில்லை.

பெரிய வெள்ளியன்றும் அந்தப் பாட்டை வாத்தியம் இல்லாமல், அதே வட்டத்தில் நின்றே பாடினோம். நான் பேஸ் பாடுபவர்களில் ஒருவனாக நின்றேன்.