மொட்டை மாடியில் 47 டிகிரி: வீட்டு வானிலைக் கருவி வாங்கும் முன்

போன மே மாசம் திருவொற்றியூர்ல எங்க வீட்டு மொட்டை மாடியில 47 டிகிரி அடிச்சுது. நான் செஞ்ச கருவி அப்படித்தான் காட்டுச்சு. ஒரு டிஹெச்டி11 சென்சார், ஒரு நோட்எம்சியு போர்டு, ரெண்டையும் உள்ளே அடைச்ச ஒரு சோப்பு டப்பா. அவ்வளவுதான் என் வானிலை நிலையம். ஸ்கிரீன்ஷாட் எடுத்துத் தெரு வாட்ஸ்அப் குரூப்ல பெருமையா போட்டேன்.

எங்க தெரு முனையில ஒரு பால்வாடி இருக்கு. சிமென்ட் ஷீட் கூரை. மதியம் குழந்தைங்க அங்கே படுற பாடு எல்லாருக்கும் தெரியும். கூரையை மாத்தித் தரச் சொல்லி மனு எழுதின அம்மாக்கள், என் 47-ஐயும் அதில் சேர்த்துட்டாங்க. மனுவை வாங்கிப் படிச்ச அலுவலர் அந்த வரியில் நின்னுட்டார். "தம்பி, நுங்கம்பாக்கத்தோட ரெக்கார்டே 45 தானேப்பா?"

அவர் சொன்னது சரி. நுங்கம்பாக்கத்தில் பதிவான உச்சம் 45.0 டிகிரி, 2003 மே 31 அன்று. என் டப்பா ஒரு சாதாரண செவ்வாய்க்கிழமையில் அதைத் தாண்டிடுச்சு. அதுக்கப்புறம் மனுவில் இருந்த மற்ற வரிகளையும் யாரும் நம்பல. குழந்தைகள் வெந்தது உண்மை. என் எண் பொய். பொய்யான எண் உண்மையையும் சேர்த்து முழுங்கிடுச்சு.

நீங்க மினி புராஜெக்டுக்கோ வீட்டுக்கோ ஒரு வானிலைக் கருவி வாங்கப்போறீங்கன்னா, நான் செஞ்ச தப்பை நீங்க செய்யாம இருக்கத்தான் இந்தக் கட்டுரை.

நுங்கம்பாக்கம் இருக்கும்போது நமக்கு எதுக்கு?

சென்னைக்கு வானிலை அளக்கும் பழக்கம் ரொம்பப் பழசு. கிழக்கிந்தியக் கம்பெனி நுங்கம்பாக்கத்தில் 1792-ல் வானாய்வுக் கூடம் கட்டியது. 1796 முதல் அங்கே வானிலைக் குறிப்புகள் எழுதப்பட்டன. இன்றைக்கு மண்டல வானிலை ஆய்வு மையம் இருப்பதும் அதே வளாகத்தில்தான். செய்தியில் வரும் "சென்னை வெப்பநிலை" பெரும்பாலும் நுங்கம்பாக்கம், மீனம்பாக்கம் என்ற இரண்டு இடங்களின் எண்.

திருவொற்றியூர் அங்கிருந்து பத்து கிலோமீட்டருக்கு மேல். எண்ணூர் இன்னும் வடக்கே. நுங்கம்பாக்கம் கடலிலிருந்து சில கிலோமீட்டர் உள்ளே இருக்கு. காசிமேட்டுக்காரருக்கு வாசலிலேயே கடல். கோடையில் கடல்காற்று முதலில் கரையைத் தொட்டுவிட்டுத்தான் உள்ளே போகும். அதனால ஒரே நேரத்தில் ரெண்டு இடத்திலும் வெவ்வேறு வெப்பம், வெவ்வேறு ஈரப்பதம்.

காற்றுத் திசையும் நமக்கு வெறும் தகவல் இல்லை. 2023 டிசம்பர் 26 நள்ளிரவு எண்ணூர் பெரியகுப்பம் கடலோரத்தில் அமோனியா குழாய் கசிந்தபோது, மூச்சுத் திணறி மக்கள் வீட்டை விட்டு ஓடினாங்க. அந்த மாதிரி ராத்திரியில் காற்று எந்தப் பக்கம் வீசுதுன்னு தெரிஞ்சாத்தான் எந்தப் பக்கம் ஓடணும்னு தெரியும். நம்ம ஏரியாவுக்கு நம்ம எண் வேணும். ஆனா அது சரியான எண்ணா இருக்கணும்.

தெர்மாமீட்டர் எதை அளக்குது?

இதைப் புரிஞ்சுக்கிட்டா பாதி வேலை முடிஞ்சுது. எந்த தெர்மாமீட்டரும் முதலில் அளப்பது தன்னுடைய வெப்பத்தைத்தான். அதன் வெப்பமும் காற்றின் வெப்பமும் ஒன்றா இருக்கும்படி செய்யுறது நம்ம பொறுப்பு. வெயில் நேரா பட்டா சென்சார் காற்றைவிடச் சூடாகும். சுட்ட தளமும் சுவரும் கதிர்வீச்சா வெப்பத்தை அனுப்பும். மூடின டப்பாவுக்குள் காற்று ஓடாது. என் சோப்பு டப்பாவில் இந்த மூன்றும் இருந்துச்சு. நாலாவதா, பக்கத்திலேயே சூடாகிக்கிட்டிருந்த வைஃபை போர்டு வேற. நான் அளந்தது திருவொற்றியூரை இல்ல, சோப்பு டப்பாவை.

பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே இதுக்குத் தீர்வு கண்டவர் தாமஸ் ஸ்டீவன்சன். கலங்கரை விளக்கம் கட்டும் பொறியாளர். 'டிரெஷர் ஐலண்ட்' எழுதிய ராபர்ட் லூயி ஸ்டீவன்சனின் அப்பா. அவர் வடிவமைத்த, நாலு பக்கமும் சாய்வுப் பலகை அடிச்ச வெள்ளைப் பெட்டியைத்தான் ஸ்டீவன்சன் பெட்டின்னு சொல்றோம். வெயில் உள்ளே வராது, காற்று மட்டும் வரும். உலக வானிலை அமைப்பின் பரிந்துரைப்படி தெர்மாமீட்டர் தரையிலிருந்து 1.25 முதல் 2 மீட்டர் உயரத்தில் இருக்கணும்.

எந்த சென்சார் வாங்கலாம்?

ரிச்சி தெருவுக்குப் போனா கடைக்காரர் முதலில் எடுத்துத் தருவது டிஹெச்டி11. தயாரிப்பாளரின் டேட்டாஷீட்டைப் பார்த்துட்டு முடிவு பண்ணுங்க:

1. டிஹெச்டி11: வெப்பத்தில் ±2 டிகிரி, ஈரப்பதத்தில் ±5 சதவீதம். கோடிங் பழக நல்லது. வானிலை அளக்க வேண்டாம்.

2. டிஹெச்டி22: ±0.5 டிகிரி. பரவாயில்லை. ஆனா நம்ம கடலோர ஈரத்தில் ஈரப்பத அளவை அடிக்கடி சோதிக்கணும்.

3. பிஎம்இ280: வெப்பம், ஈரப்பதம், காற்றழுத்தம் மூன்றும் ஒரே சில்லில். அழுத்தத்தில் ±1 ஹெக்டோபாஸ்கல், புயல் நேரத்தில் பார்க்க அருமை. ஆனா அது தானே கொஞ்சம் சூடாகும். நிமிஷத்துக்கு ஒரு தடவை மட்டும் அளக்கச் சொல்லுங்க. வாங்கும்போது உஷார்: பிஎம்பி280-ஐ இதே பேரில் தள்ளிவிடுவாங்க. அதில் ஈரப்பதம் கிடையாது. சில்லின் அடையாள எண்ணைப் படிச்சுப் பாருங்க. 0எக்ஸ்60 வந்தா பிஎம்இ, 0எக்ஸ்58 வந்தா பிஎம்பி.

4. எஸ்ஹெச்டி31: ±0.2 டிகிரி, ±2 சதவீதம். சில நூறு ரூபாய்க்குள் இதைவிட நல்லது கிடைப்பது கஷ்டம். என் ஓட்டு இதுக்குத்தான்.

5. டிஎஸ்18பி20: எஃகுக் குழாயில் அடைச்ச, தண்ணீர் புகாத வகை. ±0.5 டிகிரி, வெப்பம் மட்டும். நீளமான வயரில் வேலை செய்யும்.

ஈரப்பதத்தை அலட்சியம் பண்ணாதீங்க. 34 டிகிரியில் ஈரப்பதம் 70 சதவீதமா இருந்தா, அமெரிக்க வானிலைச் சேவையின் வெப்பக் குறியீட்டுச் சூத்திரம் ஏறக்குறைய 47 டிகிரி போல உடம்பு உணரும்னு கணக்குச் சொல்லுது. வியர்வை காயாத ஊரில் நிஜமான கஷ்டம் இதில்தான் இருக்கு. அந்த 47-ஐ நான் சரியான பெயரில், சரியான கணக்கோட எழுதியிருந்தா அலுவலரால் மறுத்திருக்க முடியாது.

காசைக் கூண்டில் போடுங்க

±0.2 சென்சாரை வெயிலில் வச்சா பல டிகிரி தப்பாக் காட்டும். ±0.5 சென்சாரை நல்ல நிழலில் வச்சா உண்மைக்குப் பக்கத்தில் வரும். அதனால சென்சாரில் மிச்சம் பிடிச்சாலும் பிடிங்க, கூண்டில் பிடிக்காதீங்க.

செடி விற்கிற இடத்தில் தொட்டிக்கு அடியில் வைக்கிற வெள்ளை பிளாஸ்டிக் தட்டு கிடைக்கும். ஏழெட்டு வாங்குங்க. மேல் தட்டையும் அடித்தட்டையும் விட்டுட்டு மற்றதில் நடுவில் வட்டமா வெட்டுங்க. கவிழ்த்து அடுக்கி, ரெண்டு தட்டுக்கு நடுவில் ஒன்றரை சென்டிமீட்டர் இடைவெளி விடுங்க. நடுவில் சென்சார் மட்டும் தொங்கணும். போர்டும் பேட்டரியும் தனி டப்பாவில், கூண்டுக்கு வெளியே.

சாதாரண இரும்பு போல்ட் போடாதீங்க. நம்ம உப்புக்காற்று ஒரே மழைக்காலத்தில் அதைத் தின்னுடும். துறைமுகம் பக்கம் எவர்சில்வர் போல்ட் கிடைக்கும், இல்லைன்னா நைலான். சர்க்யூட் போர்டுக்கு மேல் நெயில் பாலிஷ் பூசலாம், ஆனா சென்சாரை டேப்பால் மூடிட்டு, நல்லா காய்ஞ்ச பிறகுதான் இணைக்கணும். கரைப்பான் ஆவி ஈரப்பத சென்சாரின் அளவைத் திரிச்சிடும். மணலி பக்கம் வீடுன்னா இதே காரணத்துக்காக மாசாமாசம் சோதிங்க.

வைக்கிற இடம்: மொட்டை மாடியில் கம்பம் நட்டு, தளத்திலிருந்து 2 மீட்டர் உயரத்தில். தண்ணீர் டேங்க், ஏசி வெளி யூனிட், சமையலறைப் புகைபோக்கி, கைப்பிடிச் சுவர் எல்லாத்திலிருந்தும் தள்ளி. அப்பவும் அது புல்தரை மேல் எடுத்த அளவு கிடையாது. "மாடி, இரண்டாம் தளம், சிமென்ட் தரை" என்று குறிப்பில் நேர்மையா எழுதிடுங்க.

நம்பும் முன் நாலு சோதனை

ஐஸ் சோதனை. ஐஸ் கட்டியை நொறுக்கி, கொஞ்சம் தண்ணீர் விட்டுக் கலக்கி, டிஎஸ்18பி20 குழாயை அதில் வைங்க. 0 காட்டணும். எவ்வளவு தள்ளி நிற்குதோ அதைக் கோடில் திருத்துங்க. அப்புறம் அதையே மற்ற சென்சாருக்குப் பக்கத்தில் வச்சு ஒப்பிடலாம். எஸ்ஹெச்டி31-ஐ மட்டும் தண்ணீரில் போட்டுடாதீங்க.

உப்புச் சோதனை. பாட்டில் மூடியில் சமையல் உப்பு, கூழ் மாதிரி ஆகும் அளவுக்கு மட்டும் தண்ணீர். சென்சாரோட சேர்த்துக் காற்றுப் புகாத டப்பாவில் ஒரு ராத்திரி. காலையில் ஈரப்பதம் 75 சதவீதம் காட்டணும். உப்பு சென்சார் மேல் படக்கூடாது.

விடியல்–மதியச் சோதனை. அருகில் உள்ள வானிலைத் துறை நிலைய அளவோட விடியற்காலையும் மதியமும் ஒப்பிடுங்க. ரெண்டு நேரமும் ஒரே அளவு வித்தியாசம்னா சென்சாரைச் சந்தேகப்படலாம். விடியலில் ஒத்துப்போய், வெயில் நேரத்தில் மட்டும் அஞ்சாறு டிகிரி எகிறினா கூண்டுதான் குற்றவாளி. என் டப்பா இதில்தான் மாட்டிச்சு.

கடல்காற்றுச் சோதனை. மதியம் கடல்காற்று புகுந்ததும் வெப்பம் இறங்கி ஈரப்பதம் ஏறணும். உங்க உடம்பில் காற்று பட்டு ரொம்ப நேரம் கழிச்சுத்தான் வரைபடம் அசையுதுன்னா, கூண்டுக்குள் காற்று ஓடலைன்னு அர்த்தம்.

ரெடிமேடா வாங்குறவங்களுக்கு ஒரு எச்சரிக்கை. அமெரிக்காவில் இருந்து மாமா கொண்டுவர்ற நிலையம் பெரும்பாலும் 915 மெகாஹெர்ட்ஸில் பேசும். இங்கே அது உரிமம் இல்லாமல் பயன்படுத்தும் அலைவரிசை இல்லை. 433-ஆ என்று பெட்டியில் பார்த்து வாங்குங்க. மழைக்கு மட்டும் மின்கருவியே தேவையில்லை. 20 சென்டிமீட்டர் விட்டமுள்ள புனலில் 31.4 மில்லிலிட்டர் சேர்ந்தா 1 மில்லிமீட்டர் மழை. தினமும் காலை 8.30-க்கு அளந்தா வானிலைத் துறையின் கணக்கோட பொருந்தும்.

இந்த வருஷம் நான் ரெண்டு கருவி வச்சேன். ஒண்ணு மாடியில், தட்டுக் கூண்டுக்குள். இன்னொண்ணு ஆயாவிடம் அனுமதி வாங்கி பால்வாடிக்குள்ளே, குழந்தைங்க உட்காரும் உயரத்தில், ஷீட்டைத் தொடாமல். ரெண்டு வாரம் அளந்தேன். எந்த நாளும் 47 வரலை. ஆனா மதியத்தில் உள்ளே இருந்த வெப்பம் வெளியைவிடத் தினமும் அதிகம். எப்படி அளந்தேன், எங்கே வச்சேன், எப்படிச் சோதிச்சேன்னு ஒரு பக்கம் எழுதி, புது மனுவோட அம்மாக்கள் கொடுத்திருக்காங்க.

கூரை இன்னும் மாறலை. ஆனா இந்தத் தடவை அந்த அலுவலர் சிரிக்கலை. "இந்தப் பேப்பரோட இன்னொரு காப்பி கொடுப்பா"ன்னு கேட்டு வாங்கி ஃபைலில் வச்சார்.